சீனி, பிஸ்கட், ஊறுகாய்: விட்டுப் பார்த்த கணக்கு

ஆபீஸில் வருடாவருடம் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் எனக்கு எச்பிஏ1சி 5.9 என்று வந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி என்று சொல்வார்களே, அதுதான். 5.7-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய், நடுவில் இருப்பது முன்நிலை. இந்த முன்நிலையில் நான் தனியாக இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2023-இல் வெளியான ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிப் பேர், முன்நிலையில் இருப்பவர்கள் 13 கோடிக்கும் மேல்.

டாக்டர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. "நடங்க, வாயைக் கட்டுங்க, ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார். வாயைக் கட்டுவது மதுரையில் இருப்பவனுக்கு லேசான காரியம் இல்லை. டயட் சார்ட் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாள் அடுத்த பண்டிகை வரைக்கும்தான் தாங்கும். அதனால் நான் வேறு வழியில் போனேன். ஆசைப்பட்டுச் சாப்பிடுகிறவற்றில் கை வைக்காமல், பழக்கத்தில் வாய்க்குள் போகிறவற்றை மட்டும் முதலில் எடுப்பது. தீபாவளிப் பலகாரம் தீர்ந்த கையோடு ஆரம்பித்தது இது.

முதலில் டீயில் போடும் சீனி. வீட்டம்மா கேக் செய்ய வாங்கி வைத்த டிஜிட்டல் தராசு அலமாரியில் சும்மா கிடந்தது. அதை எடுத்து ஸ்பூன் சீனியை நிறுத்துப் பார்த்தேன். தலை தட்டி எடுத்தால் 5 கிராம் காட்டியது. எங்கள் வீட்டு வழக்கப்படி குவித்து எடுத்தால் 8. டம்ளருக்கு ஒன்றரை ஸ்பூன், நாளைக்கு நாலு டீ என்றால் 48 கிராம். உணவில் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் இன்னும் சாப்பாட்டுத் தட்டில் கையே வைக்கவில்லை, டீயிலேயே கிட்டத்தட்ட அதன் இரட்டிப்பு போயிருக்கிறது.

ஒரேயடியாக நிறுத்தினால் டீயே வெறுத்துவிடும் என்று தெரியும். அதனால் முதலில் குவிப்பதை மட்டும் விட்டேன், ஸ்பூன் எண்ணிக்கை அதேதான். அப்புறம் ஒன்றரை ஒன்றானது, ஒன்று அரையானது. பொங்கலுக்குள் அரை ஸ்பூனுக்கு வந்துவிட்டேன். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பழையபடி சீனி போட்ட டீ கிடைத்தது, பாயசம் மாதிரி இருந்தது. நாக்கு இவ்வளவு சீக்கிரம் கட்சி மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

டீக்கடைதான் கொஞ்சம் சிக்கல். மாஸ்டர் கிளாசில் சீனியை முதலிலேயே போட்டுவிடுவார். "சீனி கம்மி" என்றால் அவர் கைக்கு அது கால்வாசிதான் குறையும். "சீனி இல்லாம" என்று கேட்ட அன்று ஒரு மாதிரி பார்த்தார்.

"என்னண்ணே, சுகரா?"

"இல்லப்பா, வராம இருக்கத்தான்."

"அப்ப தனியாத் தர்றேன், வேணும்னா கலக்கிக்குங்க" என்று அடியில் கொஞ்சம் சீனியோடு ஸ்பூனை நீட்டினார். இப்போது கேட்காமலே அப்படித்தான் வருகிறது. நாட்டுச் சர்க்கரை டீ என்று போர்டு வைத்த கடைகளும் இருக்கின்றன. அதில் கொஞ்சம் தாதுச்சத்து உண்டு என்றாலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். ரத்தச் சர்க்கரைக் கணக்கில் அது சீனியை விட்டதாக ஆகாது. கருப்பட்டிக்கும் இதே பதில்தான், மணம் மட்டும் வேறு.

பிஸ்கட் போனதே தெரியவில்லை. உண்மையில் எனக்குப் பிஸ்கட் பிடிக்கும் என்றுகூடச் சொல்ல முடியாது. டீ வந்தால் கூடவே வரும், முக்குவேன், அவ்வளவுதான். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் மைதா, சர்க்கரை, பாமாயில் என்ற வரிசை. எது எடையில் அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது விதி, அதனால் முதல் மூன்று பெயரைப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். காய்ச்சல்காரர்களுக்குக் கொடுக்கிற மாரி பிஸ்கட்டிலும் நூறு கிராமுக்கு 20 கிராம் பக்கம் சர்க்கரை இருக்கிறது. வாங்குவதை நிறுத்தினோம், டப்பாவில் வறுத்த வேர்க்கடலை வந்தது. பையன் இரண்டு நாள் முனகினான், அப்புறம் கடலைத் தோலை ஊதி வீடு முழுக்கப் பறக்கவிடுவதில் மும்முரமாகிவிட்டான்.

அவன் பாலில் கலக்கிற மால்ட் பவுடரையும் அதே வாரம் நிறுத்தினோம். இந்த வகைப் பானங்களை ஹெல்த் டிரிங்க் என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லியிருந்தது. வெறும் பால் குடிக்கிறான், சில நாள் குடிக்கவும் மாட்டேன் என்கிறான்.

உப்புப் பக்கம் வந்தபோதுதான் அம்மா களத்தில் இறங்கினார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேடா. உங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் ஊறுகா தின்னாரு." தாத்தா வெயிலில் நாள் முழுக்க வயலில் நின்றார், நான் ஏசியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை. குழம்பில் கை வைப்பதில்லை என்று ஒப்பந்தம் போட்டோம். ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூனுக்குள், உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இதில் குழம்பும் பொரியலும் எடுத்துக்கொள்வது போக, மேலதிகமாக எங்கிருந்து வருகிறது என்று ஒரு வாரம் கவனித்தேன். சோறு வடிக்கும்போது போடும் உப்பு, தயிர்சாதத்தில் மறுபடியும் ஒரு சிட்டிகை, தொட்டுக்க ஊறுகாய், கூடவே மோர்மிளகாய், அப்பளம். ஒரே தயிர்சாதத்துக்கு ஐந்து இடத்திலிருந்து உப்பு.

சோற்றுக்கு உப்புப் போடுவதை நிறுத்தியதை வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவே இல்லை. குழம்பு ஊற்றிச் சாப்பிடும் சோற்றுக்கு எதற்கு அது? ஊறுகாய் ஜாடியைச் சாப்பாட்டு மேஜையிலிருந்து எடுத்துப் பரணுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தேன். வேண்டுமென்றால் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக்கொள்ளலாம், தடை இல்லை. ஸ்டூல் போடுகிற அளவுக்கு யாருக்கும் அதன் மேல் ஆசை இல்லை என்பது தெரிந்துபோனது, அம்மாவைத் தவிர. அப்பளத்தை எண்ணெயில் பொரிக்காமல் தணலில் சுட்டால் எண்ணெய் மிச்சம், ஆனால் உப்பு அப்படியேதான் இருக்கும். அதில் சேரும் அப்பளக்காரத்திலும் உப்பில் இருக்கிற அதே சோடியம்தான். அதனால் அப்பளம் இப்போது விசேஷ நாட்களில் மட்டும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை வாங்கலாமா என்று யோசித்தோம். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்க்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து, சில பிரஷர் மாத்திரைகளோடும் ஒத்துப்போகாது. அம்மா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், அதனால் தொடவில்லை.

பூரி சுட்ட எண்ணெயை வடிகட்டித் தாளிக்க வைத்துக்கொள்வது பெரும்பாலான வீடுகளில் உண்டு. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் கெட்ட சேர்மங்கள் கூடும். அது 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று ஹோட்டல்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் வரம்பு வைத்திருக்கிறது. வீட்டில் யார் அளக்கப்போகிறார்கள்? சின்ன இரும்புச் சட்டி ஒன்று வாங்கினோம். குறைவாக எண்ணெய் விட்டு ஒவ்வொரு பூரியாகப் போடுவது, கடைசியில் மிஞ்சுவது இரண்டு கரண்டிதான். அதைக் கொட்ட அம்மாவுக்கும் மனசு வலிக்கவில்லை.

வீட்டம்மாவுக்கு ஹீமோகுளோபின் குறைவு. சாப்பிட்டு முடித்ததும் டீ குடிப்பது அவளுக்குப் பழக்கம். டீயிலும் காபியிலும் இருக்கும் டானின் சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறார்கள். டீயை நாலு மணிக்குத் தள்ளினாள், அவ்வளவுதான். முருங்கைக்கீரை வைக்கிற அன்று எலுமிச்சம்பழம் பிழிகிறோம், வைட்டமின் சி இருந்தால் கீரையின் இரும்புச் சத்து நன்றாகச் சேரும்.

படுக்கையில் போன் பார்ப்பதை நிறுத்த ஒரு அலாரம் கடிகாரம் போதுமானதாக இருந்தது. சார்ஜர் ஹாலுக்குப் போய்விட்டது.

விடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். காலை ஃபில்டர் காபிக்கு ஒரு ஸ்பூன் சீனி உண்டு, அதில் பேச்சுவார்த்தை இல்லை. ஞாயிறு இரவு பரோட்டா, சால்னா உண்டு. சித்திரைத் திருவிழாவுக்கு எதிர்சேவை பார்த்துவிட்டு வந்த களைப்பில் ஜிகர்தண்டா குடித்தேன், பெரிய கிளாஸ்தான். மதியச் சோற்றைக் குறைக்க முயன்று பார்த்தேன், நாலு மணிக்குப் பசி பிடுங்கி கேன்டீன் போண்டாவில் போய் முடிந்தது. உடம்புக்குச் சோற்றின் அளவுதான் முக்கியம் என்று டாக்டர்கள் சொல்வார்கள், சரிதான். ஆனால் அது சுலபமாக விடக்கூடியவை பட்டியலில் இல்லை.

ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் 5.7 வந்தது. துள்ளிக் குதிக்க ஒன்றுமில்லை. லேபுக்கு லேப் இந்த அளவு வித்தியாசம் சாதாரணமாகவே வரும் என்று டாக்டரே சொன்னார். எடை இரண்டு கிலோ குறைந்திருக்கிறது, அதில் மாலை நடைக்கும் பங்கு உண்டு. மாசச் சாமான் பில்லில் சீனி நாலு கிலோவிலிருந்து இரண்டுக்கு வந்ததுதான் சந்தேகமில்லாத மாற்றம், மளிகைக்காரர் அதையும் விசாரித்தார்.

அடுத்து மிக்சர். டிவி பார்த்துக்கொண்டே கை போகிறது, எவ்வளவு உள்ளே போனது என்று தெரிவதில்லை. பாக்கெட்டோடு உட்காராமல் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்வது என்று இந்த வாரம் ஆரம்பித்திருக்கிறேன். கிண்ணம் தீர்ந்ததும் எழுந்து போய் நிரப்பிக்கொண்டு வருகிறேன், அதனால் கிண்ணம் சரிப்படவில்லை. வாங்காமல் இருப்பதுதான் வழி என்று நினைக்கிறேன், வீட்டம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.