கென்னட் ஆற்றில் ஒரு பருவம்: எறியக் கற்றேன், பார்பல் வரவில்லை

2024 மார்ச் 14 அன்று மாலை, இங்கிலாந்தின் ரெடிங் நகருக்கு மேற்கே கென்னட் ஆற்றங்கரையில் தக்கையின் சிவப்பு நுனி கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை நின்றுவிட்டு, இந்தப் பருவத்தின் கடைசித் தூண்டில் நரம்பைச் சுற்றி எடுத்தேன். முந்தைய ஜூன் 16 அன்று பருவம் திறந்தபோது எனக்கு நானே வைத்துக்கொண்ட இலக்கு ஒன்றே ஒன்றுதான். சென்டர்பின் ரீலைக் கொண்டு, வாலிஸ் முறையில் எறிந்து, தக்கையை நீரோட்டத்தோடு ஓடவிட்டு பார்பல் என்ற மீசை மீன் ஒன்றைப் பிடிக்க வேண்டும். இருபத்தேழு முறை ஆற்றுக்குப் போனேன். சப், டேஸ், ரோச், பெர்ச் என்ற மற்ற மீன்கள் எல்லாம் வந்தன. பார்பல் ஒன்றுகூடக் கைவலைக்குள் வரவில்லை. எறிதல் மட்டும் ஒருவழியாகக் கைவந்துவிட்டது. மறுநாள் தொடங்கிய மூன்று மாதத் தடைக்காலத்தில் சும்மா இருப்பதைவிட, எங்கே தவறியது என்பதை எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

ஈயத்தை அடியில் கிடத்தி, பெல்லட் என்ற உருண்டை இரையை முள்ளோடு சேர்ந்த மயிரிழையில் கட்டி, நாற்காலியில் சாய்ந்துகொண்டு கோலின் நுனி வளையும் வரை காத்திருந்தால் பார்பல் கிடைத்திருக்கும் என்பது எனக்கும் தெரியும். என்னோடு வரும் நண்பர் அப்படித்தான் ஆகஸ்டுக்குள் ஆறு பார்பல்களை எடுத்து, ஒவ்வொன்றின் படத்தையும் எனக்குத் தவறாமல் அனுப்பிவைத்தார். அதில் எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் திருச்சியில் மூங்கில் கழியும் மயிலிறகுத் தண்டுமாக வாய்க்காலில் நின்று வளர்ந்தவனுக்குத் தக்கை முங்குவதைப் பார்க்காமல் பிடிக்கும் மீன் பாதி மீன்தான்.

வாலிஸ் முறைக்கு வருகிறேன், ஏனெனில் இந்தப் பருவத்தின் பெரும்பகுதி அதிலேயே கழிந்தது. நாட்டிங்ஹாம்காரரான வாலிஸின் பெயரால் வழங்கும் இந்த எறிதலில், ரீலின் உருளையே சுழன்று நரம்பை வெளியே கொடுக்க வேண்டும். சாதாரண ரீலில் உருளை அசையாமல் நிற்க, நரம்பு அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாக உதிரும். அங்கே எறிகிறவன் பெரிதாக எதையும் கவனிக்கத் தேவையில்லை. சென்டர்பின்னில் ரீலுக்கும் கோலின் முதல் வளையத்துக்கும் இடையில் உள்ள நரம்பை இடக்கையால் பக்கவாட்டில் இழுத்து உருளையைச் சுழலவைத்து, அதே கணத்தில் கோலை வீசி, தக்கை பறக்கும் வேகத்துக்கும் உருளை சுழலும் வேகத்துக்கும் இடையே இடைவெளி விழாமல் பார்த்துக்கொண்டு, தக்கை நீரைத் தொடுவதற்குச் சற்று முன்னால் கட்டைவிரலை விளிம்பில் வைத்து உருளையை நிறுத்த வேண்டும். விரல் அரை நொடி தாமதித்தால் உருளை தன்பாட்டில் சுழன்று, நரம்பு தூக்கணாங்குருவிக் கூடாகிவிடும். அரை நொடி முந்தினாலோ, பறந்துகொண்டிருக்கும் தக்கை வெடுக்கென்று திரும்பி நம் முகத்துக்கே வரும்.

முதல் இரண்டு மாதங்களில் எனக்கு வாய்த்தது பெரும்பாலும் குருவிக் கூடுதான். அதிலும் கொடுமையானது, நரம்பு உருளைக்குப் பின்னால் விழுந்து அச்சைச் சுற்றிக்கொள்வது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும், சுற்றிப் பார்த்தால்தான் உருளை இறுகி நிற்பது தெரியும். கரையில் உட்கார்ந்து உருளையைக் கழற்றி, முழங்காலில் துணி விரித்து, மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, சிக்கை ஒவ்வோர் இழையாக எடுப்பதற்குள், தூவிவிட்ட இரையைத் தின்று முடித்து மீன்கள் போய்விடும்.

குற்றம் முழுக்க என் கையில்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பாதிதான் கையில், மீதி ரீலில். பழைய பொருள் விற்பவர் ஒருவரிடம் அஞ்சலில் வாங்கிய நாலரை அங்குல ரீல் அது. அதன் அச்சு மிக நுட்பமாக வளைந்திருந்ததால், உருளை சுழலும்போது ஒரு புள்ளியில் மட்டும் லேசாகத் தயங்கியது. அந்தத் தயக்கத்தில் தளரும் நரம்புதான் பின்பக்கம் விழுந்துகொண்டிருந்தது. விற்றவரிடம் கேட்டபோது, அது பழமையின் அழகு என்று பதில் எழுதினார். வேறொரு ரீலுக்கு மாறிய பிறகு அதற்கு நேரெதிரான தொல்லை வந்தது. பால்ரஸ் வைத்த அந்த ரீல், ஊதினாலே சுழலும் என்று பெருமையாகச் சொல்லப்படும் வகை; தக்கை நின்ற பிறகும் அது நிற்காது. பால்ரஸுக்குள் இருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, சற்றுக் கெட்டியான எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். சுழற்சி அடங்கியது. ரீல் எவ்வளவு நேரம் சுழல்கிறது என்பதைக் கடைக்காரர்கள் கடிகாரம் வைத்துக் காட்டுவது ஏமாற்று வித்தை என்பதே என் கருத்து; தக்கையை ஓடவிடுவதற்கு அது தொடங்கும்போது எவ்வளவு எளிதாகத் தொடங்குகிறது என்பதுதான் முக்கியம்.

கையின் பங்கு எனக்குப் புரிந்தது ஜனவரியில். 2 ஆம் தேதி வந்த ஹெங்க் புயலுக்குப் பிறகு தேம்ஸும் கென்னட்டும் கரைமீறி, நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் வேலியின் மேல்கம்பி மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. அக்டோபரில் பாபெட், நவம்பரில் கியரன் என்று முன்னமே நனைந்திருந்த நிலம் அதற்குமேல் எதையும் உறிஞ்சவில்லை. கென்னட் சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறிவரும் ஆறு என்பதால், மழை நின்றாலும் பாறைக்குள் சேர்ந்த தண்ணீர் வாரக்கணக்கில் வடிந்துகொண்டே இருக்கும்; ஆறு சட்டென்று இறங்காது. ஆகவே முள்ளைக் கழற்றிவிட்டு, வீட்டருகே உள்ள விளையாட்டுத் திடலில் பதினைந்து தப்படி தூரத்தில் ஒரு வாளியை வைத்து எறிந்து பழகினேன். நாயோடு வந்த ஒரு முதியவர் வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏதாவது கொத்தியதா என்று முகம் மாறாமல் கேட்டார்.

அந்தத் திடலில்தான், சிறுவயதில் பம்பரம் விட்ட நினைவு வந்தது. சாட்டையை வெடுக்கென்று இழுத்தால் பம்பரம் தள்ளாடித்தான் விழும். கை மெதுவாகத் தொடங்கி முடிவில்தான் வேகமெடுக்க வேண்டும். நான் இடக்கையால் நரம்பைத் தொடக்கத்திலேயே பலமாக இழுத்து, தக்கை புறப்படும் முன்பே உருளையை முழுவேகத்தில் சுழலவிட்டிருக்கிறேன். தக்கையின் எடை நரம்பை இழுக்கத் தொடங்குவதை விரலில் உணர்ந்த பிறகு இழுப்பைக் கூட்டியதும், இடக்கையை விலக்காமல் நரம்போடு சேர்த்தே ரீலை நோக்கிக் கொண்டுபோனதும், பத்து எறிதலில் எட்டு நேராகப் போயின. எடையும் முக்கியம். நான்கு கிராமுக்குக் குறைந்த தக்கை உருளையை இழுக்கும் வலுவில்லாதது. ஏவன் என்ற வகைத் தக்கை ஆறு கிராமில் இருந்தால் வேலை பாதியாகக் குறைகிறது. இத்தனை மாதம் ஏன் நான்கு கிராமோடு மல்லுக்கட்டினேன் என்று கேட்டால், அந்தத் தக்கை பார்க்க அழகாக இருந்தது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

ஆற்றில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஜூனும் ஜூலையும் சிங்கிறால் கூட்டத்துக்கே போயின. 1970களில் பண்ணைகளில் வளர்ப்பதற்காக அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த நன்னீர்ச் சிங்கிறால் தப்பி ஆறுகளில் பெருகி, இந்நாட்டுக்கே உரிய வெண்கால் சிங்கிறாலைத் தன்னோடு வந்த நோயால் அழித்துக்கொண்டிருக்கிறது. கென்னட்டின் அடித்தரையில் இரையைச் சிறிது நேரம் தங்கவிட்டால் அது கிள்ளித் தின்றுவிடும். தக்கை நடுங்கிக்கொண்டே மெல்ல ஒருபக்கமாக நகர்ந்தால் அது மீன் அல்ல.

செப்டம்பர் முதல் வாரம்தான் என் ஒரே வாய்ப்பு. கலிங்குக்குக் கீழே, நீர்ப்பாசித் திட்டுகள் இரண்டுக்கு நடுவில் ஓடும் சரளைத் தடம், ஆழம் நாலடி. தக்கையை ஆழத்தைவிட அரையடி கூடுதலாக வைத்து, கட்டைவிரலால் உருளையைச் சற்றே தடுத்து, இரை தக்கைக்கு முன்னால் தரையைத் தடவிக்கொண்டு போகும்படி விட்டேன். பார்பலின் வாய் கீழ்நோக்கியது. நான்கு மீசைகளாலும் தரையைத் துழாவித் தின்னும் மீனுக்கு இரை தலைக்கு மேலே போனால் பயனில்லை. ஏழாவது ஓட்டத்தில் தக்கை முங்கவில்லை, காணாமலே போயிற்று. சுண்டினேன். கல்லில் மாட்டியதுபோல ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு அந்தக் கல் நீரோட்டத்துக்கு எதிராக நடக்கத் தொடங்கியது. சென்டர்பின்னில் விட்டுக்கொடுக்கும் விசை எதுவும் கிடையாது, கட்டைவிரல் ஒன்றுதான் தடை. விரலின் தோல் சூடாகும் அளவுக்கு உருளை ஓடியது. ஐந்து நிமிடத்துக்குப் பிறகு செம்பழுப்புத் துடுப்பு ஒன்று பாசிக்கடியில் புரண்டதைப் பார்த்தேன். அதற்கு அடுத்த கணம் நரம்பு தளர்ந்தது. முள் நிமிரவில்லை, நரம்பு அறவில்லை. பாசிக்குள் நுழைந்து முள்ளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது.

அதே வாரம் வெயில் ஏழு நாள் தொடர்ந்து நாட்டின் ஏதேனும் ஓரிடத்தில் 30 டிகிரியைத் தாண்டியது. வெப்பமான நீரில் உயிர்வளி குறைவு; களைத்துப்போகும் வரை போராடும் குணமுள்ள பார்பல் அப்போது பிடிபட்டால், நீரோட்டத்தை நோக்கித் தலையை வைத்து எவ்வளவு நேரம் தாங்கிப் பிடித்தாலும் தேறாமல் போகலாம். ஆகையால் மீன் இருக்கும் இடம் தெரிந்த பின்பும் இரண்டு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. சரியான முடிவுதான். ஆனாலும் உறுத்துகிறது.

இந்த மீனை ஏன் இப்படித் துரத்துகிறாய் என்று அம்மா தொலைபேசியில் கேட்டார். முதலில் வேறொரு குழப்பம்: குளிர்காலத்தில் பைக் என்ற பெரிய கொன்றுண்ணி மீனைப் பிடித்ததைச் சொன்னபோது, "யாரோட பைக்குப்பா? போலீஸ்ல சொன்னியா?" என்று பதறிவிட்டார். பிடித்ததை ஆற்றிலேயே விட்டுவிடுகிறேன் என்பதை இன்னும் அவரால் ஏற்க முடியவில்லை. பார்பலின் சினை நஞ்சு, தின்றால் வயிற்றைப் புரட்டி எடுக்கும் என்று சொன்ன பிறகுதான், "அப்ப விட்டுடு" என்று அனுமதி தந்தார்.

பார்பல் நம் காவிரிக் கெண்டைகளுக்குத் தூரத்து உறவு. கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியுகத்தில் தேம்ஸ் ரைன் ஆற்றோடு கலந்து ஓடியதால்தான், கிழக்கு நோக்கி ஓடும் ஆங்கில ஆறுகளில் மட்டும் இது இயல்பாக வாழ்ந்தது. மேற்கே ஓடும் செவர்ன் ஆற்றுக்கு 1956 இல் கொண்டுபோய் விட்ட சுமார் ஐந்நூறு பார்பல்கள் இதே கென்னட்டிலிருந்து போனவை. இன்று செவர்ன் பார்பலுக்குப் பேர்போன ஆறு. அங்கே போயிருந்தால் இந்நேரம் பிடித்திருக்கலாம் என்று நண்பர் இடித்துக்காட்டுகிறார்.

இரையைப் பற்றி ஒரு குறிப்பு. ஹெம்ப் எனப்படும் சணல் விதையை ஒருநாள் ஊறவைத்து, ஓடு வெடித்து வெள்ளைப் பருப்பு எட்டிப்பார்க்கும் வரை வேகவிட வேண்டும். அதற்கு மேல் வெந்தால் பருப்பு கழன்று மிதந்துவிடும். சமையலறையில் அதன் மணம் இரண்டு நாள் தங்குகிறது. என் மனைவி சகித்துக்கொள்ளும் எல்லை அதுதான். ஈப்புழுவைக் குளிர்பெட்டியில் வைக்கும் உரிமை நவம்பரில் ஒரு மூடி சரியாகப் பொருந்தாததால் பறிபோனது. இப்போது கடையிலிருந்து அன்றன்றைக்கு அரைப் பைண்ட் வாங்கிக்கொண்டு போகிறேன்.

கடைசி நாளுக்கு வருகிறேன். வரலாறு காணாத வெதுவெதுப்பான பிப்ரவரிக்குப் பிறகு நீர் 10 டிகிரியில் இருந்தது. பார்பல் தின்னப் போதுமான சூடு. ஆறு இன்னும் நிறைந்து, தேநீர் நிறத்தில் வேகமாக ஓடியது. எறிதலில் ஒரு சிக்கும் விழவில்லை. எதிர்க்கரை வில்லோ மரத்தின் கிளைக்கு ஒரு முழம் இப்பால் தக்கை மெத்தென்று இறங்கியபோது, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஒரு மீன்கொத்திகூட இல்லை. ஐந்தரை மணிக்குத் தக்கை முங்கியது. சுண்டியதும் தலையை உலுக்கும் அதிர்வு கோலில் வந்ததும், இது பார்பல் இல்லை என்று தெரிந்துவிட்டது. சப், 4 பவுண்டு 9 அவுன்ஸ். இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். இந்தப் பருவத்தில் என் மிகப்பெரிய மீன். பித்தளை நிறச் செதில்களோடு அதை வலையில் வைத்துக்கொண்டு, வருத்தப்படுவதா மகிழ்வதா என்று தெரியாமல் நின்றேன்.

தடைக்காலத்துக்கு வேலை இருக்கிறது. மயிலிறகுத் தண்டில் தக்கை செய்யத் தொடங்கியிருக்கிறேன். ஊரில் காசில்லாமல் பொறுக்கிய பொருளை இங்கே எண்ணி எண்ணிக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. இந்தியாவிலிருந்து மயிலிறகை ஏற்றுமதி செய்யத் தடை உள்ளது. தண்டை அடிப்பக்கத்தில் பால்சா மரத்தில் செருகி ஆறு கிராமுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இரண்டாவது பூச்சு வார்னிஷ் இன்னும் காயவில்லை. அதற்குள் ரீலை ஒருமுறை கழற்ற வேண்டும். அதில் நூறு மீட்டர் நரம்பு சுற்றியிருக்கிறேன். அகலம் குறைந்த உருளைக்கு அது அதிகம், மேல்சுற்று கீழ்ச்சுற்றுக்குள் அமுங்கி எறியும்போது பிடிக்கிறது. நாற்பது மீட்டரை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி திடலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வாளியை இந்த முறை இருபது தப்படியில் வைக்கப்போகிறேன்.