(இ) எழவில்லை

சட்டமன்றம் கூடிவிட்டது என்பதை எங்கள் ஒன்றிய அலுவலகத்தில் பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்காது. ஈரோடு கலெக்டர் அலுவலகத்திலிருந்து போன் வந்துவிடும். "எல்.ஏ.க்யூ. ஒண்ணு வந்திருக்குதுங்க. எழுதிக்குங்க. நாலு மணிக்குள்ள பதில் வேணும்." எல்.ஏ.க்யூ. என்றால் சட்டமன்ற வினா. கையில் கிடைத்த தாளில் அ, ஆ, இ என்று மூன்று எழுத்தைப் போட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வேன். 1989-ல் குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது எங்கள் பக்கம் பெரியார் மாவட்டம். அப்புறம் அது ஈரோடு மாவட்டம் ஆனது. 2009-ல் காங்கேயமும் தாராபுரமும் திருப்பூர் மாவட்டத்துக்குள் போயின. போன் போய் பேக்ஸ், பேக்ஸ் போய் வாட்ஸ்அப் என்று வந்தாலும் அந்த அ, ஆ, இ மட்டும் 2024-ல் நான் ஓய்வு பெறும்வரை கூடவே வந்தது.

சட்டமன்றத்தில் 234 பேர். அவர்களில் ஒருவர் தன் தொகுதியில் ஒரு குடிநீர்த் தொட்டியைப் பற்றிக் கேள்வி கொடுக்கிறார் என்று வையுங்கள். அது சட்டமன்றச் செயலகத்திலிருந்து கோட்டையில் உள்ள துறைக்குப் போகும். துறையிலிருந்து இயக்குநரகம், இயக்குநரகத்திலிருந்து கலெக்டர், கலெக்டரிடமிருந்து பி.டி.ஓ. என்கிற வட்டார வளர்ச்சி அலுவலர், கடைசியில் பிரிவு எழுத்தரின் மேசை. அமைச்சர் எழுந்து நின்று படிக்கிற பதிலின் முதல் வரி அங்கேதான் எழுதப்படுகிறது. பிறகு அது வந்த வழியே ஒவ்வொரு படியாக மேலே ஏறும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சுருங்கும்.

நட்சத்திரக் குறியிட்ட வினா என்றால் அலுவலகமே எழுந்து உட்காரும். அதற்கு அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் துணை வினா கேட்கலாம். என்ன துணை வினா வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பதில் அரைப் பக்கம் இருந்தால், துணை வினாக்களுக்கான குறிப்பு பத்துப் பக்கம் போகும். நட்சத்திரம் இல்லாத வினாவுக்கு எழுத்தில் பதில் போனால் போதும்.

பதில்களுக்கென்று ஒரு மொழி உண்டு. சேர்ந்த மூன்றாம் மாதத்திலேயே அது எனக்குக் கைவந்துவிட்டது. 'ஆம்.' 'இல்லை.' 'பரிசீலனையில் உள்ளது.' 'நிதி நிலைக்கேற்ப ஆவன செய்யப்படும்.' எல்லாவற்றுக்கும் மேலே 'எழவில்லை'. (அ) பணி முடிந்ததா? ஆம். (ஆ) எனில், எத்தனை? இத்தனை. (இ) இல்லையெனில், காரணம் என்ன? எழவில்லை. அதாவது, முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகு ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு இடமில்லை. அந்தச் சொல்லை எழுதி முடிக்கும்போது பாரம் இறங்கியது மாதிரி இருக்கும். நல்ல எழுத்தர் என்றால் (இ)-யை எழவிடாமல் பார்த்துக்கொள்பவர் என்றுதான் நானும் பல வருடம் நினைத்திருந்தேன்.

1999 கோடை. கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும் கிளுவை வேலியுமாகக் கிடக்கிற வறண்ட பகுதியில் ஓர் ஒன்றியத்தில் இருந்தேன். ஒன்றியத்தின் பெயர் வேண்டாம். மேல்நிலைத் தொட்டிகளைப் பற்றி வினா வந்தது. பதிவேட்டை எடுத்தேன். அனுமதித்தது 11, பணி முடிவுற்றது 11, பில் பாஸ் ஆனது 11. பத்து நிமிடத்தில் எழுதிவிட்டேன். (அ) ஆம். (ஆ) 11. (இ) எழவில்லை.

மேலாளர் தாளை வாங்கிப் படித்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனிதர், சத்தம் போட்டே பேசமாட்டார்.

"நீ பாத்தியா அம்மிணி?"

"பதிவேட்டுல இருக்குதுங்க சார்."

"பதிவேட்ட நான் கேக்கல. தொட்டியப் பாத்தியா?"

உச்சி வெயிலில் ஓவர்சியரின் டி.வி.எஸ். 50-ல் பின்னால் உட்கார்ந்து கிளம்பினேன். நாலு மணிக்குள் மூன்று தொட்டிகளுக்குத்தான் போக முடியும். முதல் இரண்டிலும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, இருபது முப்பது வீடுள்ள ஒரு சிற்றூர். தொட்டி தூரத்திலேயே வெள்ளையாகத் தெரிந்தது. '30,000 லிட்டர்' என்று நீலத்தில் எழுதியிருந்தார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். மேலேயிருந்து இறங்கி வந்த இரும்புக் குழாய் தரைக்கு ஒரு முழம் மேலேயே நின்றிருந்தது. அதன் வாயில் சிமெண்ட் சாக்கை மடித்து வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். வெயிலில் இற்றுப்போன கயிறு, தொட்டதும் கையோடு வந்தது.

ஒரு பாட்டி வெளியே வந்தார். "கட்டி ஒண்ணர வருசமாச்சு கண்ணு. ஒரு நாளும் தண்ணி ஏத்துனதில்ல." நாங்கள் வேர்த்து நின்றதைப் பார்த்து உள்ளே போய் இரண்டு சொம்பு மோர் கொண்டுவந்தார். குடித்த பிறகுதான் அவர் மருமகள் சொன்னாள், தண்ணீர் ஒன்றரை மைல் தள்ளி ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து குடத்தில் வருகிறது, தோட்டத்துக்காரர் மோட்டார் போடும் நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும் என்று. அந்தத் தண்ணீரில் கரைத்த மோர்.

இதில் யாரும் திருடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். தொட்டிக்கு ஒரு மதிப்பீடு, ஒரு கணக்குத் தலைப்பு. குழாய் பதிப்பதற்கு வேறு மதிப்பீடு, வேறு தலைப்பு. தொட்டி கட்டி முடித்ததும் அளவுப் புத்தகமான எம்-புக்கில் அளவு ஏறியது, பில் பாஸ் ஆனது, பதிவேட்டில் 'பணி முடிவுற்றது' என்று விழுந்தது. அது பொய் இல்லை. குழாயின் மதிப்பீடு நிர்வாக அனுமதிக்காக மேலே போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. இரண்டு கோப்பும் இரண்டு மேசையில். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற மேசை ஒன்று எங்கள் அலுவலகத்தில் இல்லை. அன்றைக்கு அந்தச் சட்டமன்ற வினாதான் அந்த மேசையாக இருந்தது.

திரும்பி வந்து பதிலை மாற்றினோம். மற்ற ஊராட்சிகளுக்கு ஆள் அனுப்பிக் கேட்டதில் இன்னொன்றும் அப்படியே நின்றது தெரிந்தது. (ஆ) கட்டி முடிக்கப்பட்டவை 11, பயன்பாட்டில் உள்ளவை 9. (இ) 2 தொட்டிகளுக்குக் குழாய் இணைப்புக்கான நிர்வாக அனுமதி நிலுவையில் உள்ளது. மேலேயிருந்து போன் வந்தது. இப்படி எழுதினால் துணை வினா வருமே, 'எழவில்லை' என்றே போட்டால் என்ன என்று. மேலாளர் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு, "வந்தா வரட்டுங்க. அங்க நின்னு இல்லைன்னு சொல்லிட்டு, அப்புறம் யாராச்சும் போட்டோ எடுத்துட்டு வந்தா அய்யாவுக்குத்தானுங்க சங்கடம்" என்றார். அதற்கு மேல் அந்தப் பக்கம் பேச்சில்லை.

அவையில் அந்தப் பதில் எந்த உருவத்தில் படிக்கப்பட்டது என்று நான் பார்க்கவில்லை. ஆனால் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்த நிர்வாக அனுமதி மூன்றே வாரத்தில் வந்து சேர்ந்தது. துணை வினா ஒன்று வந்துவிடுமோ என்ற பயம் மேலே இருந்தவர்களுக்கு. அந்தப் பயம் போதுமானதாக இருந்தது. சட்டமன்றம் என்றாலே கூச்சலும் வெளிநடப்பும்தான் என்று பேசுகிறவர்களிடம் நான் சண்டைக்கே போயிருக்கிறேன். டி.வி.யில் தெரியாத இந்த வேலை எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி ஒருவரிடம், பணம் இன்னொருவரிடம் என்ற நிலைக்கு நம் பக்கத்திலேயே பழைய கதை ஒன்று உண்டு. திருச்செங்கோட்டுப் பக்கம் குமாரமங்கலத்து ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் 1926-ல் சென்னை மாகாணத்தின் முதன்மந்திரி ஆனார். அது இரட்டை ஆட்சிக் காலம். 1919-ம் ஆண்டுச் சட்டப்படி கல்வி, சுகாதாரம், ஸ்தல சுயாட்சி எல்லாம் மந்திரிகளின் கையில். நிதியும் போலீசும் கவர்னரின் நிர்வாக சபை கையில். பள்ளிக்கூடம் ஏன் இல்லை என்று உறுப்பினர்கள் மந்திரியைக் கேட்பார்கள். பணப்பெட்டிச் சாவியோ வேறொருவர் இடுப்பில். அதிகாரம் கொடுத்தோம் என்று சொல்லிவிட்டுப் பணத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டால், கேள்விக்கு உண்மையில் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்ற குழப்பம் வருகிறது. 1994-ல் ஊராட்சிகள் சட்டம் வந்து, அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையில் 29 இனங்கள் ஊராட்சிகளுக்கு என்று எழுதியிருந்தும், என் ஒன்றியத்தின் ஊராட்சித் தலைவர்கள் தெருவிளக்குக்கும் மோட்டார் பழுதுக்கும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குமாரமங்கலத்தார் நினைவுதான் வரும். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் பிரிகிறது. அது மின்கட்டணத்துக்கும் சம்பளத்துக்கும் போக, ஊர் தானாக முடிவெடுத்துச் செய்ய எவ்வளவு மிஞ்சும் என்பது கேஷ் புக் எழுதியவர்களுக்குத் தெரியும்.

ஆனாலும் தலைவர்கள் இருந்தார்கள். ஊரில் யாராவது குடத்தோடு போய் அவர் வீட்டு வாசலில் நிற்க முடிந்தது. 2016 அக்டோபரில் அவர்கள் காலம் முடிந்த பிறகு 2019 டிசம்பர் கடைசிவரை ஊராட்சிகளுக்குத் தேர்தலே இல்லை. தனி அலுவலர்கள் நிர்வாகம். பி.டி.ஓ.வே எல்லா ஊராட்சிகளுக்கும் தலைவர் மாதிரி. தீர்மானம் போடுபவரும் அவர், செலவை அனுமதிப்பவரும் அவர், கணக்குக் கேட்க வேண்டியவரும் அவர். தேர்ந்தெடுத்த ஆட்கள் இல்லை என்று மத்திய நிதிக்குழு மானியத்தையும் நிறுத்தி வைத்தார்கள். 2017 வறட்சி அதற்கு நடுவில் வந்தது. என் வேலைக் காலத்திலேயே நான் தூக்கம் கெட்ட வருடம் அது. அந்த வருடம் எங்கள் கணக்கை வெளியிலிருந்து தட்டிப் பார்த்த ஒரே கை, தொகுதி எம்.எல்.ஏ. போட்ட வினாதான். தொகுதிக்கு ஒருவர். அத்தனை ஊருக்கும் அவர் ஒருவர் கேட்டால் போதுமா? போதாது.

அந்தக் காலத்தில்தான் சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு ஒரு தடவை மாவட்டத்துக்கு வந்தது. தணிக்கை அறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு, செலவான பணம் செலவான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கிற குழு. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரைத் தலைவராக வைப்பது மரபு. ஒரு வாரம் முன்பே கோப்புகளை அடுக்கி, பாதைகளில் முள்ளை வெட்டி, தொட்டிகளுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்தோம். பெரும்பாலான இடங்களில் இறங்கினார்கள், பார்த்தார்கள், ஏறினார்கள். ஓர் ஊரில் மட்டும், வேட்டியை மடித்துக் கட்டிய வயதான உறுப்பினர் ஒருவர் அதிகாரிகள் நீட்டிய தாளை வாங்காமல் ஓரமாக நின்றிருந்த தண்ணி விடறவரிடம் போனார்.

"எத்தன நாளைக்கு ஒருக்காங்க விடறீங்க?"

கைக்கட்டி நின்றவர் எங்களைப் பார்த்தார். தாளில் 'நாள்தோறும்' என்று இருந்தது அவருக்கும் தெரியும். மாதச் சம்பளம் எங்கள் கையால் வாங்குகிற ஆள்.

"எட்டு நாளைக்கு ஒருக்காங்க."

உறுப்பினர் கோபப்படவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டு, தன் சட்டைப்பையிலிருந்த சின்ன நோட்டில் எட்டு என்று எழுதிக்கொண்டார். மத்தியானக் கூட்டத்தில் கோப்பைத் திறந்து, "காலையில எட்டுன்னு ஒரு கணக்கு கெடச்சுது, இங்க ஒண்ணுன்னு இருக்குது. எதுங்க சரி?" என்று மட்டும் கேட்டார். அந்த அறையில் பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நாள்தோறும் என்று டைப் செய்தது என் பிரிவு. 1999-ல் டி.வி.எஸ். 50-ல் கூட்டிப்போய்க் காட்டியதை நான் எப்போது மறந்தேன் என்று அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். தண்ணி விடறவருக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த மாதம் நான் செய்த உருப்படியான வேலை.

சில கேள்விகளுக்கு ஆயுள் நீளம். அத்திக்கடவு–அவினாசித் திட்டம் எங்கள் அப்பா காலத்திலிருந்து கேட்கப்பட்டது. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தப் பக்கத்து உறுப்பினர்கள் எழுந்து அதைக் கேட்டார்கள். 'ஆய்வில் உள்ளது' என்று பதில் வந்தது. 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, சுமார் 1,916 கோடி ரூபாய் செலவில், 2024 ஆகஸ்ட் 17-ல் திறந்தார்கள். காளிங்கராயன் அணைக்குக் கீழே பவானியின் உபரி நீரை எடுத்து 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்புகிற திட்டம். எங்கள் சின்னம்மா ஊர்க் குட்டையில் குழாய் வாயிலிருந்து தண்ணீர் விழுந்த அன்று ஊரே கூடி நின்றது. அறுபது வருடமாகச் சலிக்காமல் அதே கேள்வியைக் கேட்டவர்கள் பலர் அதைப் பார்க்க இல்லை.

2025 ஜனவரி 5-ல் எங்கள் ஊராட்சிகளின் பதவிக்காலம் மறுபடி முடிந்தது. மறுபடி தனி அலுவலர். அந்த மே 1 கிராம சபைக்குப் போனேன், வேப்பமரத்தடியில் ஊர்க்காரியாக. தலைவர் நாற்காலி இல்லை. செயலர் ஒரு சின்னப் பெண், தீர்மானப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். குடிநீர் என்று வந்ததும் எழுந்து, எங்கள் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விடுகிறீர்கள் என்று கேட்டேன். அவள் தனி அலுவலரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஆறு நாளைக்கு ஒருக்கா வருதுங்க மேடம். அப்படியே எழுதிக்கட்டுங்களா?"

"எழுதிக்கம்மிணி."

எழுதினாள். ஆறு என்று எண்ணிலும் எழுத்திலும். அடுத்த கூட்டத்தில் போன தீர்மானங்களைப் படிக்கும்போது அந்த வரியையும் படிக்கிறார்களா என்று போய் உட்கார வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆகஸ்ட் 15, காலை 11 மணி என்று காலண்டரில் குறித்து வைத்தேன்.