ரதம் வரும், ரதம் வருகிறது: ஆறாம் வகுப்பு ஆங்கிலப் பாடம்

பினாங்கில் தமிழ்ப்பள்ளியில் படித்து இன்று கடல் கடந்து வாழும் நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில்தான் தொழில் செய்கிறோம். அந்த ஆங்கிலத்துக்கு அடித்தளம் இட்டவர் என்று நினைக்கும்போது என் மனத்தில் முதலில் எழுபவர், ஆறாம் வகுப்பில் நமக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியையே. அவர் நடத்திய பாடங்களுள் இரு நிகழ்காலங்களைப் பற்றிய பாடத்தை மட்டும் இந்த மலரில் பதிவு செய்ய விரும்புகிறேன். பிற்காலத்தில் நான் படித்த ஆங்கில இலக்கண நூல்கள் பலவும் விதிகளைச் சொல்லின. தமிழ்ப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது, ஏன் தடுமாறுகிறது என்பதை அவரைப் போல் எடுத்துக்காட்டியவை எவையும் இல்லை.

பாடநூலில் இருந்த விதி எல்லோரும் அறிந்ததுதான். வழக்கமாக நடப்பதற்கு சிம்பிள் பிரசெண்ட், இப்போது நடந்துகொண்டிருப்பதற்கு பிரசெண்ட் கண்டினியூஸ். 'எவ்ரி டே' என்று இருந்தால் முதலாவது, 'நவ்' என்று இருந்தால் இரண்டாவது என மனப்பாடம் செய்து, பயிற்சி நூலின் கோடிட்ட இடங்களை எல்லாம் சரியாகவே நிரப்பினோம். ஆனால், கட்டுரை எழுதும்போது அத்தகைய அடையாளச் சொற்கள் துணைக்கு வருவதில்லை. துறைமுகத்தில் வேலை செய்யும் தந்தையைப் பற்றி எழுதச் சொன்னால், 'மை ஃபாதர் வில் கோ டு ஒர்க் அட் சிக்ஸ்' என்றே வகுப்பில் பலர் எழுதினார்கள். நாள்தோறும் போகிற மனிதருக்கு 'வில்' எங்கிருந்து வந்தது என்பதை ஆசிரியை சிவப்பு மையோடு விட்டுவிடவில்லை.

தைப்பூசம் முடிந்து பள்ளி திறந்த நாள் அது. பினாங்கு ஸ்திரீட்டின் அருகில் குடியிருந்த மாணவன் ஒருவனை எழுப்பி நிறுத்தினார். "ஏன்யா, வாசல்ல நின்னு பாக்குற, ரதம் தெருமுனையில திரும்புது. உள்ள இருக்குற பாட்டிகிட்ட என்ன சொல்லுவ?" "'பாட்டி, ரதம் வருது'ன்னு சொல்லுவேன் டீச்சர்." "சரி. வெளியூர் மாமா ஒருத்தர் வந்து, ரதம் எந்தப் பக்கம்னு கேட்டா?" "'வருஷா வருஷம் இந்த வழியாத்தான் வரும் மாமா'ன்னு சொல்லுவேன்." ஆசிரியை கரும்பலகையின் இடப்பக்கத்தில் 'வரும்' என்றும், அதன் கீழே 'வருது' என்றும் எழுதினார். 'வரும்' என்பதற்கு நேரே வலப்பக்கத்தில் 'கம்ஸ்', 'வருது' என்பதற்கு நேரே 'இஸ் கம்மிங்'. வேறு எதுவும் எழுதவில்லை.

தடுமாற்றத்தின் காரணம் அந்த இரண்டு வரிகளில் முழுவதும் வெளிப்பட்டது. தமிழில் 'வரும்', 'போவார்', 'குடிப்பார்' என்பவற்றை எதிர்காலம் என்றே படிக்கிறோம். ஆகவே, 'அப்பா ஆறு மணிக்கு வேலைக்குப் போவார்' என்று மனத்தில் தோன்றியவுடன் கை 'வில் கோ' என்று எழுதிவிடுகிறது. 'வருது' என்பதை நிகழ்காலம் என்று படித்திருப்பதால், கண்ணெதிரே வந்துகொண்டிருப்பதற்கும் 'கம்ஸ்' என்று எழுதிவிடுகிறது. இரண்டுமே ஒரு படி தள்ளிப் போகின்றன. வழக்கத்தைச் சொல்வதற்குத் தமிழ் எதிர்கால வடிவத்தையே பெரிதும் பயன்படுத்துகிறது என்ற ஒரு செய்தியை அறிந்துகொண்டால் பாதிப் பிழைகள் மறைந்துவிடும். பின்னாளில் தொல்காப்பியம் படித்தபோது, முக்காலத்துக்கும் பொதுவான இயற்கையைச் 'செய்யும்' என்னும் சொல்லால் சொல்ல வேண்டும் என்ற நூற்பாவையும், 'மலை நிற்கும்', 'ஞாயிறு இயங்கும்' என்னும் உரையாசிரியர் காட்டுகளையும் கண்டு, நம் ஆசிரியை எழுதிய 'வரும்' என்ற சொல்லின் வேர் எவ்வளவு ஆழமானது என்று வியந்தேன்.

அந்த இரண்டு வரிசைகளும் நாங்கள் எதிர்பார்த்ததைவிட வெகுதூரம் கைகொடுத்தன. 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்கு வேண்டும்' ஆகிய யாவும் 'வரும்' வரிசையைச் சேர்ந்தவை. ஆங்கிலத்திலும் 'ஐ நோ', 'ஐ லைக்', 'ஐ வாண்ட்' என்றே வரும். 'ஐ ஆம் நோயிங்' என்று ஒருபோதும் எழுதக் கூடாது என்பதைத் தனி விதியாக நாங்கள் மனப்பாடம் செய்யவில்லை. பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூர் ரயில் இரவு எட்டு மணிக்குப் புறப்படும் என்றால், கால அட்டவணைச் செய்தி என்பதால் ஆங்கிலத்தில் 'த டிரெயின் லீவ்ஸ் அட் எய்ட்'. பினாங்குத் தீவை அக்கரைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலம் 1985-இல் திறக்கப்படுவதற்கு முந்தைய காலம் அது. அந்த ரயிலைப் பிடிக்க ஃபெரியில் அக்கரை போகவேண்டியிருந்த பிள்ளைகளுக்கு இந்த வாக்கியம் மறக்கவே மறக்காது. 'சனிக்கிழமை ஈப்போ போகிறேன்' என்று ஏற்பாடு செய்துகொண்ட பயணத்தைச் சொல்லும்போதோ, தமிழும் நிகழ்கால வடிவத்துக்கு மாறுகிறது, ஆங்கிலமும் 'ஐ ஆம் கோயிங்' என்று இரண்டாம் வரிசைக்கு மாறுகிறது.

மலாய் மொழியையும் அவர் துணைக்கு அழைத்தார். மலாய் வினைச்சொல் காலம் காட்டி உருமாறுவதில்லை; 'டியா மாக்கான்' ('டியா' என்றால் அவர், 'மாக்கான்' என்றால் சாப்பிடு) என்பது எந்தக் காலத்துக்கும் பொருந்தும். செயல் நடந்துகொண்டிருக்கிறது என்று காட்டவேண்டுமானால் 'டியா செடாங் மாக்கான்' என்பார்கள். ஐயம் வரும்போது அந்த வாக்கியத்தில் 'செடாங்' பொருந்துகிறதா என்று பார்க்கச் சொன்னார். மூன்றாம் ஆள் ஒருமைக்கு வரும் 'எஸ்', கேள்விக்கு வரும் 'டஸ்' ஆகியவற்றுக்கு அவர் அதிக நேரம் செலவிடவில்லை. அவை பழக்கத்தால் வந்துவிடும் என்பது அவர் கருத்து, அது சரியாகவே இருந்தது.

வரிசைகள் பொருந்தாத இடங்களை அவர் மறைக்கவும் இல்லை. 'எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்' என்பது தமிழில் நிகழ்கால வடிவம். ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்' என்றுதான் சொல்ல வேண்டும், 'ஹேவிங்' வராது. ஆனால், அதே சொல் உண்பதைக் குறிக்கும்போது 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' என்பது முற்றிலும் சரி. முன்னது ஒரு நிலை, பின்னது தொடங்கி முடியும் ஒரு செயல். 'வசிக்கிறேன்' என்ற சொல்லும் அப்படியே. நிலையான குடியிருப்புக்கு 'ஐ லிவ்'. சில மாதங்கள் சித்தி வீட்டில் தங்கியிருப்பவர் சொல்வது 'ஐ ஆம் லிவிங் வித் மை ஆண்ட்'. எதைச் சொல்வது என்பதை நாள்காட்டி தீர்மானிப்பதில்லை, பேசுகிறவர் அதை நிலையானதாகக் கருதுகிறாரா, தற்காலிகமானதாகக் கருதுகிறாரா என்பதே தீர்மானிக்கிறது. இதுவே அந்தப் பாடத்தின் சாரம் என்று நான் கருதுகிறேன்; பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைத்தவரை எவ்வளவு போற்றினாலும் தகும்.

ஆங்கிலமும் எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில், கையில் நூலோடு வரும் இளவரசனிடம் பொலோனியஸ், 'வாட் டூ யூ ரீட்?' என்று கேட்கிறார். இன்று அதே சூழலில் 'வாட் ஆர் யூ ரீடிங்?' என்றுதான் கேட்பார்கள். 'என்ன வாசிக்கிறீர்கள்?' என்று ஒரே வடிவத்தால் இரண்டையும் கேட்கும் நம் மொழியைக் குறையுடையதாக எண்ணும் இளையோருக்கு இந்த எடுத்துக்காட்டைச் சொல்வது என் வழக்கம்.

புதிதாக வெளிநாடு வரும் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். அறிமுகமாகும் அண்டைவீட்டார் 'வாட் டூ யூ டூ?' என்று கேட்டால் அவர் உங்கள் தொழிலைக் கேட்கிறார். 'வாட் ஆர் யூ டூயிங்?' என்று கேட்டால் அந்த நேரத்தில் உங்கள் கையில் இருக்கும் வேலையைக் கேட்கிறார். தமிழில் இரண்டுமே 'என்ன செய்கிறீர்கள்?' என்பதால், முதல் கேள்விக்கு 'ஐ ஆம் குக்கிங்' என்று பதில் சொல்லிவிடாமல், 'ஐ டீச்', 'ஐ டிரைவ் எ பஸ்' என்று உங்கள் தொழிலைச் சொல்லுங்கள்.