சில்லறைச் சந்தாவில் எழுந்த வேல்ஸ்

வேல்ஸின் தலைநகர் கார்டிஃபுக்குப் போகிறேன் என்றதும் கோட்டையைப் பார், ரக்பி மைதானத்தைப் பார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு வேறு ஆசை. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில், நிலக்கரித் தொழில் படுத்துக்கொண்டிருந்த அந்த 20 வருஷத்தில், வேல்ஸ் மக்கள் எங்கே கூடினார்கள், எங்கே படித்தார்கள், எதற்குத் தெருவில் இறங்கினார்கள் என்று பார்க்க வேண்டும். சித்தி மகள் அங்கே அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். வண்டி ஓட்ட ஒத்துக்கொண்டாள். "அண்ணா, மழை நின்னதும் கிளம்பலாம்னு உட்கார்ந்தா ஆகஸ்ட் வரைக்கும் உட்காரணும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டதால், குடையோடு ரெயின்கோட்டும் வாங்கினேன்.

நகரத்தின் நடுவே கேத்தேஸ் பார்க் என்றொரு பகுதி. நகராட்சி மாளிகை, நீதிமன்றம், தேசிய அருங்காட்சியகம், பல்கலைக்கழகம் எல்லாம் வெள்ளைக் கல்லில் வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசையில் கொஞ்சம் தள்ளி இருப்பது அமைதி ஆலயம். சாமி கிடையாது. பெர்ஸி தாமஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. உயரமான சதுரத் தூண்கள், உள்ளே நுழைந்ததும் பளிங்குக் கூடம், கீழே ஒரு நிலவறை. முதல் போரில் செத்த 35,000 பேரின் பெயர்களைக் கையால் எழுதிய புத்தகத்துக்காகவே அந்த நிலவறையைக் கட்டினார்கள். கட்டடத்தை இரண்டு அமைப்புகள் பங்குபோட்டுக்கொண்டன. ஒன்று, இன்னொரு போர் வராமல் தடுக்க முதல் போருக்குப் பிறகு நாடுகள் சேர்ந்து அமைத்த சர்வதேச சங்கத்துக்கு ஆதரவு திரட்டிய அமைப்பு, மற்றது காசநோயை ஒழிக்க வந்த அமைப்பு. போரையும் சயரோகத்தையும் ஒரே கூரைக்குக் கீழே எதிர்க்கலாம் என்று நினைத்த காலம் அது. அந்த நம்பிக்கை எனக்குப் பிடித்திருந்தது.

திறப்பு விழா 1938 நவம்பர் 23. ராஜாவைக் கூப்பிடவில்லை, மந்திரியையும் கூப்பிடவில்லை. டவ்லைஸ் ஊரைச் சேர்ந்த மின்னி ஜேம்ஸ் என்ற அம்மாவின் கையில் சாவியைக் கொடுத்தார்கள். மூன்று மகன்களைப் போரில் பறிகொடுத்தவர். அவர் கதவைத் திறந்தபோது, போரைத் தவிர்க்க ஹிட்லரோடு செய்துகொண்ட மியூனிக் ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அடுத்த செப்டம்பரில் மறுபடி போர்.

பணம் கொடுத்தவர் டேவிட் டேவிஸ் பிரபு. 1934-ல் 58,000 பவுண்டு. அவருடைய தாத்தா, அவர் பெயரும் டேவிட் டேவிஸ்தான், ரோண்டா பள்ளத்தாக்கில் சுரங்கம் தோண்டியவர், பேரி துறைமுகத்தைக் கட்டியவர். அதே தாத்தாவின் பேத்திகள் க்வெண்டலினும் மார்கரெட்டும் வாங்கிச் சேர்த்த மோனே, ரென்வார் ஓவியங்கள் பக்கத்திலேயே அருங்காட்சியகத்தில் தொங்குகின்றன. நீல உடைப் பெண்ணை ரென்வார் வரைந்த படத்தின் முன்னால் கூட்டம் நின்றது. நானும் நின்றேன். நல்ல படம்தான். ஆனால் மண்டைக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. இதெல்லாம் நிலக்கரிக் காசு, மேலிருந்து வந்த காசு. கீழே இருந்தவர்கள் தங்கள் காசில் என்ன கட்டினார்கள்?

அதைப் பார்க்க செயின்ட் ஃபேகன்ஸ் போக வேண்டும். ஊருக்கு மேற்கே சில மைல்தான். வேல்ஸின் பல ஊர்களிலிருந்து வீடு, கடை, தேவாலயம் என்று கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து திரும்ப எழுப்பியிருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் கிடையாது, வண்டி நிறுத்தத்தான் காசு. அரை நாள் போதும் என்று போகாதீர்கள்.

அங்கே இருக்கும் ஓக்டேல் தொழிலாளர் இன்ஸ்டிட்யூட்டுக்குத்தான் நேராகப் போனேன். 1917-ல் சிர்ஹோவி பள்ளத்தாக்கில் திறந்தது. சுரங்கக் கம்பெனியிடம் 10,000 பவுண்டு கடன் வாங்கிக் கட்டி, தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து சந்தா பிடித்து அடைத்தார்கள். கீழே நூலகம், படிப்பறை, கமிட்டி அறை. மாடியில் நாடகம், கச்சேரி, நடனம் எல்லாம் நடந்த பெரிய மண்டபம். 1980-களின் கடைசியில் சுரங்கம் போய், சந்தா போய், கட்டடமும் இடியும் நிலைக்கு வந்தபோது பிரித்து இங்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

கமிட்டி அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். கனமான மேசை, சுற்றிலும் நாற்காலிகள். எந்தப் புத்தகம் வாங்குவது, எந்தப் பேச்சாளரைக் கூப்பிடுவது, பில்லியர்ட்ஸ் மேசைத் துணியை எப்போது மாற்றுவது என்று தீர்மானம் போட்டவர்கள் காலையில் குனிந்து நிலக்கரி வெட்டிவிட்டு வந்தவர்கள். 1930-களின் நடுவில் வேல்ஸ் நிலக்கரி வட்டாரத்தில் இந்த மாதிரி நூலகம் நூற்றுக்கு மேல் இருந்தது. மார்க்ஸும் இருந்தார், மலிவு கௌபாய்க் கதைகளும் இருந்தன. எல்லாத் தொழிலாளியும் தத்துவம் படித்தான் என்று கொண்டாடுகிறவர்களை நம்பாதீர்கள். நிறையப் பேர் வந்தது பில்லியர்ட்ஸுக்கும், பேப்பர் படிக்கவும், பிற்பாடு சினிமாவுக்கும்தான். அதனால் என்ன? நிலக்கரி டன்னுக்கு ஒரு பென்னி என்று முதலாளிகளிடம் நலநிதி வசூலிக்க 1920-ல் சட்டம் வந்த பிறகு இப்படிப்பட்ட மண்டபங்கள் இன்னும் பெருகின. பிளாக்வுட் ஊரில் 1925-ல் திறந்த இன்ஸ்டிட்யூட்டில் இன்றைக்கும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

பெண்கள் எங்கே என்று தங்கை கேட்டாள். சரியான கேள்வி. உறுப்பினர் என்றால் பெரும்பாலும் ஆண்கள்தான். பெண்கள் நடனத்துக்கும் நாடகத்துக்கும் மாடிக்கு வருவார்கள், அவ்வளவுதான். அவர்கள் நாள் எப்படிப் போயிற்று என்பதை அதே வளாகத்தில் ரிட்-எ-கார் வரிசை வீடுகளில் பார்க்கலாம். மெர்தர் டிட்ஃபிலிலிருந்து வந்த ஆறு வீடுகள். முதல் வீடு 1805-ல் இருந்தது போல, அடுத்தது 1855 என்று போய், கடைசி வீடு 1985. நான் நாலாவது வீட்டில், 1925-ல், நின்றுவிட்டேன். சின்ன அறை. இரும்பு அடுப்புதான் வீட்டின் நடு. அப்போது பெரும்பாலான சுரங்கங்களில் குளியலறை கிடையாது. ஆண்கள் கரிப்பூச்சோடு வீட்டுக்கு வந்து, அடுப்புக்கு முன்னால் தகரத் தொட்டியில் உட்கார்ந்து குளிப்பார்கள். தண்ணீர் தூக்கிக் காய்ச்சி ஊற்றுவது மனைவி. அப்பா, அண்ணன், தம்பி என்று ஷிஃப்ட் மாறி மாறி வந்தால் அடுப்பு அணையாது, அவளுக்கு ஓய்வும் கிடையாது. சுரங்க வாசலிலேயே குளியலறை கட்டச் சொல்லிப் போராடியதில் பெண்களுக்கும் பங்கு உண்டு என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

மறுநாள் பள்ளத்தாக்குகள். மலை இடுக்கில் ஒரே தெரு, அதன் இருபுறமும் ஒட்டி ஒட்டி வீடுகள், நடுவில் ஒரு தேவாலயம், அது முடிவதற்குள் அடுத்த ஊர். 1913-ல் தெற்கு வேல்ஸ் ஐந்தரைக் கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி வெட்டியது. 1920-ல் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சுரங்கத்தில் இருந்தார்கள். அப்புறம் கப்பல்கள் எண்ணெய்க்கு மாறின. ஜெர்மனி போர் நஷ்டஈடாக நிலக்கரி கொடுக்க ஆரம்பித்தது. 1925-ல் நிதி மந்திரியாக இருந்த சர்ச்சில் பவுண்டின் மதிப்பைப் போருக்கு முந்திய தங்க விலைக்கே கட்டியதில், வெளிநாட்டில் ஏற்றுமதிச் சரக்கின் விலை ஏறியது. முதலாளிகள் கூலியைக் குறைத்தார்கள், ஒத்துக்கொள்ளாதவர்களை 1926 மே மாதம் வெளியே நிறுத்தினார்கள். அவர்களுக்கு ஆதரவாக நடந்த நாடு தழுவிய பொது வேலைநிறுத்தம் ஒன்பதே நாளில் முடிந்துவிட்டது. சுரங்கத் தொழிலாளர்கள் குளிர்காலம் வரை தாக்குப்பிடித்துத் தோற்றார்கள். அந்தக் கோடையில் தேவாலயக் கூடங்களில் கஞ்சித்தொட்டி நடந்தது. தெருவில் வேடம் கட்டிக்கொண்டு, கஸூ என்ற மலிவு ஊதலை ஊதி அணிவகுத்துப் போட்டி போட்டார்கள். வயிறு காய்ந்தபோது திருவிழா எடுத்த ஜனங்கள்.

தோற்ற பிறகு வந்தது இன்னும் மோசம். 1930-ல் டவ்லைஸ் இரும்பாலை மூடியது. 1931 முதல் வேலையில்லாதவர் வீட்டில் யார் யார் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று அதிகாரி வந்து விசாரித்தார். மகன் சம்பாதித்தால் அப்பாவின் உதவித்தொகை குறையும். அதனால் மகன்கள் வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். ஸ்லவ், ஆக்ஸ்ஃபோர்டு, காவென்ட்ரி என்று தொழிற்சாலை இருந்த பக்கமெல்லாம் போனார்கள். இரண்டு போர்களுக்கும் நடுவில் 4 லட்சம் பேருக்கு மேல் வேல்ஸை விட்டுப் போயிருக்கிறார்கள். மொத்த ஜனத்தொகையே 26 லட்சம் சொச்சம்.

ட்ரெடீகர் ஊரின் நடுவில் வட்டமான திடல், அதில் இரும்பு மணிக்கூண்டு. தங்கை இங்கே வர ஒத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் அவள் வேலை. இங்கே பிறந்த அனைரின் பெவன் 13 வயதில் சுரங்கத்துக்குள் போனவர். இந்த ஊர் இன்ஸ்டிட்யூட் நூலகத்தில்தான் படித்தார். 1929-ல் எம்.பி. ஆனார். ஊரில் ஒரு மருத்துவ உதவிச் சங்கம் இருந்தது. சம்பளத்தில் பவுண்டுக்குச் சில பென்னி சந்தா கொடுத்தால் குடும்பத்துக்கே வைத்தியர், மருந்து, மூக்குக்கண்ணாடி, பல்செட். ஊரில் கிட்டத்தட்ட எல்லோரும் அதன் கீழே வந்துவிட்டார்கள். 1945-ல் சுகாதார மந்திரியான பெவன், 1948 ஜூலை 5-ல் நாடு முழுவதற்கும் இலவச மருத்துவ சேவையைத் தொடங்கியபோது, ஏற்கெனவே தன் கண் முன்னால் நடந்ததைப் பார்த்த ஏற்பாடாக இது இருந்தது. "அப்போ எனக்குச் சம்பளம் இங்கிருந்துதான் வருது" என்றாள் தங்கை. சம்பளத்தைப் பற்றி அவளுக்கு நிறையக் குறை உண்டு. அதைக் காரில் திரும்பும் வழியெல்லாம் கேட்டேன்.

வழியில் மவுன்டன் ஆஷ். அமைதி ஆலயம் திறந்து சரியாக இரண்டு வாரம் கழித்து, 1938 டிசம்பர் 7-ல், இங்கே இருந்த பெவிலியனில் சுமார் 7,000 பேர் கூடினார்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ராணுவத் தளபதி ஃபிராங்கோவை எதிர்த்துச் சண்டை போடப் போய் இறந்த வேல்ஸ்காரர்களுக்கு நினைவுக் கூட்டம். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ராப்சன் வந்து பாடினார். கார்டிஃபில் போரே வேண்டாம் என்று ஆலயம், 30 கிலோமீட்டர் தள்ளி ஒரு போரில் செத்தவர்களுக்கு மாலை. இரண்டிலும் ஒரே ஆட்கள் கைதட்டியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கால்பந்து ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். 1927 ஏப்ரலில் கார்டிஃப் சிட்டி அணி லண்டன் அணியான ஆர்சனலை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையை இங்கிலாந்துக்கு வெளியே கொண்டுவந்தது எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு இன்றுவரை அந்தக் கோப்பை எல்லை தாண்டவில்லை. அன்றைக்குப் பந்தைக் கைநழுவ விட்ட ஆர்சனல் கோல்கீப்பர் டான் லூயிஸ் ரோண்டாவின் மேர்டி ஊர்க்காரர் என்பதைக் கார்டிஃபில் இன்னும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்.

கார்டிஃபிலிருந்து அபெரிஸ்ட்வித் போக ரயிலில் ஏறினால், இங்கிலாந்துக்குள் ஷ்ரூஸ்பரிக்குப் போய், அங்கே மாறி, திரும்பவும் வேல்ஸுக்குள் வர வேண்டும். ஒரு நாட்டின் தெற்கிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போக அடுத்த நாடு வழியாகவா என்று கேட்காதீர்கள். பள்ளத்தாக்குத் தண்டவாளம் பெரும்பாலும் நிலக்கரிக்குப் போட்டது, ஜனங்களுக்குப் போட்டதல்ல.

இங்கே வேறு வேல்ஸ். கடையில், பஸ்ஸில் காதில் விழுவதே வெல்ஷ் மொழி. 1911-ல் நூற்றுக்கு 43 பேர் பேசிய மொழி 1931-ல் 37 ஆகக் குறைந்தது. அந்தக் கவலையில் பிறந்தவை பல. 1922-ல் சிறுவர்களுக்கான உர்த் இயக்கத்தைத் தொடங்கிய இவான் அப் ஓவன் எட்வர்ட்ஸ், 1939-ல் இதே ஊரில் ஏழு பிள்ளைகளோடு வெல்ஷ் வழிப் பள்ளியும் தொடங்கினார். 1925-ல் புல்ஹெலி ஊரில் வேல்ஸ் தேசியக் கட்சி. அதன் தலைவர் ஸாண்டர்ஸ் லூயிஸ் இரண்டு தோழர்களோடு 1936 செப்டம்பரில் லீன் தீபகற்பத்தில் கட்டிக்கொண்டிருந்த விமானப்படைக் குண்டுவீச்சுப் பள்ளிக்குத் தீ வைத்துவிட்டு, தாங்களே போலீஸ் நிலையத்துக்குப் போய்ச் சொன்னார்கள். அதே மாதிரிப் பள்ளி இங்கிலாந்தில் அன்னங்கள் வாழும் இடத்தில் வேண்டாம் என்று எதிர்ப்பு வந்தபோது அரசு கேட்டுக்கொண்டது. வேல்ஸ்காரர்களின் தூதுக்குழுவைப் பார்க்கவே பிரதமர் பால்ட்வின் மறுத்துவிட்டார். கார்னார்வன் ஜூரி ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்ல முடியாமல் போக, வழக்கை லண்டனுக்கு மாற்றி ஒன்பது மாதம் உள்ளே தள்ளினார்கள். அந்த இடத்துக்கு இந்த முறை போக நேரமில்லை.

நான் அபெரிஸ்ட்வித் வந்தது குன்றின் மேல் இருக்கும் தேசிய நூலகத்துக்காக. 1923-ல் இதே ஊரில் நடந்த கூட்டத்தில் பெண்கள் ஒரு முடிவெடுத்தார்கள். அமெரிக்கா சர்வதேச சங்கத்தில் சேர வேண்டும், போர் இல்லாத உலகத்துக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று அமெரிக்கப் பெண்களுக்கு ஒரு மனு. வீடு வீடாகப் போய் வாங்கிய கையெழுத்து 3,90,296. தாள்களை ஒட்டி வைத்தால் ஏழு மைல் நீளம் என்கிறார்கள். 30 வயதுக்குக் கீழே இருந்த பெண்களுக்கு அன்றைக்கு ஓட்டுரிமையே கிடையாது, அது 1928-ல்தான் வந்தது. ஓக் மரப் பெட்டியில் அடுக்கி, ஆனி ஹியூஸ் கிரிஃபித்ஸ் தலைமையில் கப்பலில் கொண்டுபோய், 1924 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் அதிபர் கூலிட்ஜையும் பார்த்துவிட்டு வந்தார்கள். அமெரிக்கா சங்கத்தில் கடைசிவரை சேரவில்லை. பெட்டி வாஷிங்டன் அருங்காட்சியகக் கிடங்கில் கிடந்தது. 2023-ல்தான் இந்த நூலகத்துக்குத் திரும்பி வந்தது.

எல்லாத் தாள்களையும் ஸ்கேன் செய்து, தன்னார்வலர்களைக் கொண்டு பெயரும் முகவரியும் தட்டச்சு செய்திருக்கிறார்கள். தெரு வாரியாகப் பக்கத்து வீடு, பக்கத்து வீடு என்று கையெழுத்து போகிறது. பேனா, பென்சில், நடுங்கும் கை, பள்ளிக்கூடக் கையெழுத்து எல்லாம் உண்டு. 1925 வீட்டில் தண்ணீர் காய்ச்சிய மாதிரிப் பெண்கள் இவர்கள்தான். தங்கை தன் போனில் அந்தப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவள், "அண்ணா, இதுக்கு எவ்வளவு நடந்திருப்பாங்க!" என்றாள். ரயில் ஷ்ரூஸ்பரியில் 40 நிமிஷம் தாமதம்.