இரண்டு டிகிரியும் பாதிச் சுற்றும்

கணினித் திரையில் ஜாப், அதாவது வெட்டப்படும் பொருள், அசையாமல் நிற்கும். டூல்தான் சாய்ந்து, நிமிர்ந்து, பிளேடுகளுக்கு நடுவே நுழைந்து வெளியே வரும். எங்களிடம் இருக்கும் ஐந்து ஆக்சிஸ் மிஷினில் (மூன்று நேர் அசைவும் இரண்டு சுழற்சியும் கொண்ட கணினி வெட்டு மிஷின்) நடப்பது நேர்மாறு. அங்கே டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் எப்போதும் செங்குத்து. டூல் சாய்வதே இல்லை. டேபிள்தான் ஜாப்பைத் தூக்கிக்கொண்டு சாய்கிறது, சுழல்கிறது. புரோகிராம் ஒன்றுதான், வெட்டும் பாதையும் ஒன்றுதான். மாடியில் ஏசி அறையில் புரோகிராம் எழுதும் நான் பார்ப்பது ஒரு காட்சி, கீழே கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நிற்பவர் பார்ப்பது வேறு காட்சி. அன்றைக்கு மிஷினை ஓட்டிய அண்ணனும் நானும் முட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

ஒரு பம்ப் கம்பெனிக்குச் சோதனை இம்பெல்லர், பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் பிளேடுச் சக்கரம். கோயம்புத்தூரில் இம்பெல்லர் என்றால் பவுண்டரியில் வார்ப்பதுதான் வழக்கம். பிளேடின் வளைவு சரிதானா என்று தெரிவதற்கு முன்பே வார்ப்பு மாதிரியான பேட்டர்னுக்குச் செலவு செய்ய வேண்டாம் என்று, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கட்டியிலிருந்தே வெட்டித் தரச் சொல்லியிருந்தார்கள். இந்த மாதிரி வேலையில் டூலை எங்கே கொண்டுபோவது என்பதைவிட எப்படிச் சாய்த்துக் கொண்டுபோவது என்பதுதான் பெரிய வேலை. பந்துமுனை டூலின் நட்டநடு நுனிக்குச் சுழற்சி வேகமே கிடையாது. அந்த இடம் வெட்டாது, தேய்க்கும். அதனால் பரப்புக்குச் செங்குத்தாக நிறுத்தாமல் கொஞ்சம் சாய்க்க வேண்டும். அதிகம் சாய்த்தால் டூலின் கழுத்தோ அதைப் பிடித்திருக்கும் ஹோல்டரோ பக்கத்துப் பிளேடில் இடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் சந்தில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

வெட்டும் அசைவுகளில் அண்ணனுக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் கேட்டது வெட்டாத அசைவைப் பற்றி. ஒரு பிளேடு இடைவெளியை முடித்த டூல், எதிர்ப்பக்கத்து இடைவெளிக்குப் போக வேண்டும். நான் குறுக்கு வழி வைத்திருந்தேன்: ஐந்து மில்லிமீட்டர் மட்டும் விலகி, இம்பெல்லரின் மூக்குக்கு (நடுவில் நிற்கும் முனைக்கு) மேலாகக் கடந்து, அடுத்த சந்தில் இறங்கும். திரையில் பார்த்தால் டூல் அந்த மூக்குக்கு மேலே இந்தப் பக்கம் ஒரு டிகிரி சாய்ந்திருந்தது, அந்தப் பக்கம் ஒரு டிகிரி சாய்கிறது. அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தில் டூலின் அச்சும் டேபிள் சுழலும் அச்சும் கிட்டத்தட்ட ஒரே கோடு. நேர் உச்சியில் பறக்கும் பருந்து தலையைத் தாண்டியதும் அதைத் தொடர்ந்து பார்க்க நாம் உடம்பையே திருப்பிக்கொள்கிறோம் அல்லவா, அதே கதைதான். பருந்து நகர்ந்தது துளி, திரும்பியது முழு மனிதன். எங்கள் மிஷினில் டேபிளின் சாய்வு ஒரு பக்கத்துக் கோணத்தையே எடுக்கும்படி போஸ்டை (திரையில் உள்ள பாதையை மிஷினுக்கான புரோகிராமாக மாற்றும் மென்பொருளை) அமைத்திருக்கிறோம். ஆகவே இரண்டு டிகிரி மாற்றத்துக்காக டேபிள் 180 டிகிரி சுற்றுகிறது. டூல் நுனி ஜாப்பை விட்டு விலகாமல் இருக்க, ஸ்பிண்டிலும் கூடவே பக்கவாட்டில் ஓடுகிறது.

முதல் பீஸில் அது நடந்தபோது அண்ணன் ஓட்டத்தை நிறுத்தும் ஃபீட் ஹோல்டை அழுத்திவிட்டு மேலே ஆள் அனுப்பினார். நான் போனபோது கதவுக்குள் கூலண்ட் சொட்டிக்கொண்டிருந்தது. டேபிள் பாதி திரும்பிய நிலையில் நின்றிருந்தது.

"இங்கே ஏன் தம்பி இவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது?"

"இரண்டு டிகிரிதான் அண்ணா சாய்கிறது. கணக்குப்படி அப்படித்தான் வரும்."

"பாதிச் சுற்று சுற்றியதே?"

"அதுவும் சரிதான்."

இரண்டும் சரி. இதை எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அவரே விஷயத்துக்கு வந்தார். ஒவ்வொரு சந்தும் முடிந்ததும் டூலை நேராக உச்சிவரை தூக்கிவிட வேண்டும், டேபிள் திரும்பி முடித்த பிறகு இறக்க வேண்டும். நான் தேவையில்லை என்றேன். கணினிச் சிமுலேஷனில் மிஷினின் முழு மாடலோடு, டேபிள், ஜாப்பைப் பிடிக்கும் ஃபிக்ஸர், ஹோல்டர் எல்லாம் வைத்து, போஸ்ட் தந்த புரோகிராமையே ஓட்டிப் பார்த்திருக்கிறேன், எங்கேயும் இடிக்கவில்லை என்றேன். அவர் மறுக்கவில்லை.

"நீங்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஒருவேளை தப்பாக இருந்தால், நான் எந்த இடத்தில் கை வைத்து நிறுத்துவது?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையில் பதில் உண்டு: நிறுத்த முடியாது. ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில், வெட்டாமல் நகரும்போது எடுக்கும் ரேபிட் வேகத்தில், மூன்று அச்சும் இரண்டு சுழற்சியும் சேர்ந்து ஓடும்போது, சரியான அசைவும் தவறான அசைவும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும். கண் பார்த்துக் கை போவதற்குள் முடிந்திருக்கும். நேராக மேலே தூக்கினால், அது மேலே போகிறதா என்று ஒரு குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும்.

மாற்றிக் கொடுத்தேன். ஒரு பீஸுக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் கூடியது.

அப்போது என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்ட விதம் இது: மிஷினை ஓட்டுபவர் அவர். பயத்தோடு ஓட்டுபவர் ரேபிட்டை 25 சதவீதத்தில் வைத்துத்தான் ஓட்டுவார்; குறுக்கு வழியில் நான் மிச்சம் பிடிப்பதாகச் சொன்ன நேரம் அங்கேயே கரைந்துவிடும். இந்த வாதம் இப்போதும் பலமாகத்தான் தெரிகிறது. ஆனால் முதலாளி நேரக் கணக்கைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டபோது இதைச் சொல்லவில்லை. "பாதுகாப்புக்காக வைத்தேன்" என்று மட்டும் சொன்னேன். எதிலிருந்து பாதுகாப்பு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் புரோகிராமிலிருந்து என்றா சொல்லியிருப்பேன்?

அந்த பம்ப் கம்பெனியின் அடுத்த ஆர்டர் எங்களுக்கு வரவில்லை. விலைப்புள்ளி அதிகம் என்றார்கள். ஆறு நிமிடம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. மெட்டீரியல், டூல் தேய்மானம் என்று விலையில் ஆயிரம் இருக்கின்றன. காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து, மில்களும் கிணற்று பம்புகளும் பெருகி, அவற்றுக்கு உதிரிபாகம் செய்து செய்தே வளர்ந்த ஊர் இது. ஆவாரம்பாளையம், கணபதிப் பக்கம் வீட்டுக்கு முன்கட்டில் லேத் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ. அவர் அப்படி ஒரு பட்டறையில் வேலை பழகியவர். கைச்சக்கரத்தைச் சுற்றும்போது இரும்பு எவ்வளவு எதிர்க்கிறது என்பது உள்ளங்கைக்கு வரும். வெட்டு சரியில்லை என்றால் கை தானாகப் பின்வாங்கும். கண்ணாடிக் கதவு வந்த பிறகு அந்த வழி அடைபட்டது, கண்ணும் காதும் மிஞ்சின. நான் வைத்த குறுக்கு வழி கண்ணையும் பறித்துக்கொண்டது. இப்படி எழுதும்போது அவர் பக்கம் நியாயம் முழுவதும் இருப்பதுபோல் வந்துவிடுகிறது. அப்படியும் இல்லை. சிமுலேஷன் பார்க்காமல், தூக்கி இறக்குவதையே நம்பி ஓட்டிய மிஷின்களில் ஸ்பிண்டில் பேரிங் போன கதைகள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. பழைய மிஷின்களில் ரேபிட் நேர்கோட்டில்கூடப் போகாது. ஒவ்வொரு ஆக்சிஸும் தன் வேகத்தில் ஓடி முதலில் வருவது முதலில் நிற்கும், பாதை நடுவில் முறியும். மனிதக் கண்ணை நம்பி ஓட்டிய காலம் ஒன்றும் பொற்காலம் இல்லை.

வெகு நாள் கழித்துத்தான் இன்னொன்று தோன்றியது. "தப்பாக இருந்தால்" என்று அவர் சொன்னதை நான் என் புரோகிராமைச் சந்தேகிக்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். குரலில் கொஞ்சம் விறைப்பும் காட்டினேன். ஆனால் திரைக்குத் தெரியாத தப்புகளில் பெரும்பாலானவை கீழே நடப்பவை. டூல் ஹோல்டரிலிருந்து எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, ஜாப் ஃபிக்ஸரில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, அடியில் வெட்டிய சுருள் ஒன்று சிக்கியிருக்கிறதா, அளவுகளைப் பதியும் ஆஃப்செட்டில் எந்த எண் போனது. எல்லாம் அவர் கையால் செய்பவை. சிமுலேஷன் இவை எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. அவர் கேட்டது தன் கை தவறினால் தானே பிடித்துக்கொள்ள ஓர் இடம் என்றால், நான் மாடல், ஹோல்டர், போஸ்ட் என்று அடுக்கிய பதிலில் ஒன்றுகூட அந்தக் கேள்வியைத் தொடவில்லை. அவர் அப்படித்தான் நினைத்துக் கேட்டாரா என்பது வேறு. இப்போது அவர் சூலூர்ப் பக்கம் சொந்தமாக இரண்டு மிஷின் போட்டிருக்கிறார். கல்யாண வீடுகளில் பார்க்கும்போது மழை, காடு, பிள்ளைகள் படிப்பு என்று பேசுகிறோம். இதைக் கேட்டதில்லை.

ஆபரேட்டர் தன் கண்ணால் சரிபார்க்க முடியாத அசைவை வைக்கக் கூடாது என்று இரண்டு கூட்டங்களில் நான் பேசியிருக்கிறேன். போன மாதம் அதே மாதிரி இம்பெல்லர் வேறொரு இடத்திலிருந்து வந்தது. குறுக்கு வழிதான் வைத்தேன். விலைப்புள்ளி அந்த நேரத்தை வைத்துத்தான் போடப்பட்டிருந்தது, நான் கேட்டுப் போட்டதும் அதுதான். ஒரு சமாதானத்துக்கு, புரோகிராமின் தலைப்பில் டேபிள் பாதிச் சுற்று சுற்றும் இடங்களின் வரி எண்களைக் குறித்துவைத்தேன். மூக்கை நெருங்கும் ஒவ்வொரு இடத்திலும் விருப்பமிருந்தால் நிறுத்திக்கொள்ள ஒரு ஸ்டாப்பும் வைத்தேன்.

இப்போதைய ஆபரேட்டர் டிப்ளமோ முடித்த பையன், கெட்டிக்காரன். "இந்த எண்கள் எதற்கு சார்?" என்று கேட்டான். சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சிமுலேஷன் பார்த்துவிட்டீர்கள் அல்லவா சார்?" என்றான். பார்த்துவிட்டேன் என்றேன். ஸ்டாப் சுவிட்சை அணைத்துவிட்டு, ரேபிட்டை நூறில் வைத்து, சைக்கிள் ஸ்டார்ட்டை அழுத்தினான். டேபிள் சுற்றியபோது அவன் அடுத்த டூலின் நீளத்தை அளந்துகொண்டிருந்தான். ஒருமுறை சரியாக அளந்தான், நான் பார்த்தேன்.