ஸ்பிளெண்டர் கிளட்ச் கவர் ஆயில் கசிவு: 30 ரூபாய் சீலுக்காக ஒரு மாதம் அலைந்த அனுபவம்

வலது பக்கம் ஆயில் சொட்டுகிறது, கிளட்ச் கவர் பேக்கிங் (கவருக்கும் இன்ஜினுக்கும் நடுவே வைக்கும் மெல்லிய காகிதத் தகடு) போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னால் உடனே பிரிக்க விடாதீர்கள். எங்கிருந்து வருகிறது என்று முதலில் நீங்களே பாருங்கள். அதைச் செய்யாததால் எனக்கு ஒரு மாதமும் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேலும் போனது. இன்னும் மனசு ஆறவில்லை.

வண்டி அப்பா 2002-இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். திருமங்கலத்திலிருந்து தினமும் மதுரைக்கு வேலைக்குப் போய்வருவது அதில்தான். காலையில் வண்டியை எடுத்தால் வாசலில் ஐந்து ரூபாய் காசு அளவுக்குக் கறுப்பாக எண்ணெய் கிடக்கும். தெரிந்த பட்டறையில் விட்டேன். "பேக்கிங்தான் தம்பி, மாத்திரலாம்" என்று 850 ரூபாய் வாங்கினார்கள். நான்கு நாள் காய்ந்திருந்தது, ஐந்தாம் நாள் முன்னைவிட அதிகமாகச் சொட்டியது. திரும்பக் கொண்டுபோனால் எல்லா போல்ட்டையும் இன்னும் இறுக்கி அனுப்பினார்கள். அங்கேதான் பெரிய சேதமே நடந்திருக்கிறது, அது எனக்கு அப்போது தெரியாது.

அதற்குமேல் நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன். இன்ஜினை டீசல் போட்டுக் கழுவித் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கவர் முழுக்க முகப் பவுடரைத் தூவினேன். கப்பலூர் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் பவுடர் இரண்டு இடத்தில் மட்டும் நனைந்திருக்கிறது. ஒன்று கிக்கர் ராடு வெளியே வரும் இடம். இன்னொன்று பின்பக்கம் கீழே இருக்கும் போல்ட். ஆக, முதலில் கசிந்தது கிக்கர் ஆயில் சீல், அதாவது ராடைச் சுற்றி ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம். அங்கிருந்து வழிந்து கவரின் அடிவிளிம்பில் தேங்கியதைப் பார்த்துத்தான் பேக்கிங் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த சீலுக்குக் கவரைத் தொடவே வேண்டாம், கிக்கரை மட்டும் கழற்றிவிட்டு வெளியிலிருந்தே மாற்றலாம். சீல் விலை 30 ரூபாய்! பழையதை நெம்பும்போது ராடில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கீறிவிட்டால் புது சீலும் கசியும்.

ஆனால் பட்டறையில் அளவுக்குமேல் இறுக்கியதில் அந்த போல்ட் ஓட்டையின் மரை போயிருந்தது, அதற்காகக் கவரைக் கழற்றியே ஆக வேண்டியிருந்தது. சைலன்சர், கிக்கர், கிளட்ச் கேபிள் எல்லாம் கழற்ற அரை மணி நேரம்தான். உள்ளே பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. பேக்கிங்கோடு சேர்த்து சிலிகான் பேஸ்ட்டை அள்ளி அப்பியிருக்கிறார்கள், அது உள்பக்கம் பிதுங்கி, பிய்ந்து, சேமியா மாதிரி ஆயில் சல்லடையில் ஒட்டிக் கிடக்கிறது. பம்ப் அந்தச் சல்லடை வழியாகத்தான் ஆயிலை இழுக்கும். அது அடைத்தால் இன்ஜின் மேல்பகுதியான ஹெட்டுக்கு ஆயில் ஏறாது, அங்கே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் போய்விடும். காகித பேக்கிங் போட்டால் பேஸ்ட்டே தேவையில்லை. பட்டறையில் கவரை ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பியதில் விளிம்பில் ஒரு கீறல் வேறு, நகத்தால் தடவினாலே தட்டுப்பட்டது. ரப்பர் சுத்தியால் சுற்றித் தட்டினாலே வந்துவிடும், அதற்குக்கூடப் பொறுமை இல்லை. கண்ணாடிப் பலகையில் நைஸ் எமரி ஷீட்டை விரித்து, கவரை மெதுவாகத் தேய்த்துத்தான் அதைச் சரிசெய்தேன்.

பேக்கிங் வாங்க மதுரை சிம்மக்கல் பக்கம் போனேன். "ஸ்பிளெண்டர்" என்று மட்டும் கேட்டேன், வாங்கி வந்தேன். வீட்டில் வைத்துப் பார்த்தால் ஒரு ஓட்டைகூடப் பொருந்தவில்லை, அது 125 சிசி சூப்பர் ஸ்பிளெண்டருக்கு உள்ளது. மறுநாள் பஸ் ஏறி மறுபடியும் போனேன். பழைய பேக்கிங் கிழிந்திருந்தாலும் துண்டுகளைப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கடையிலேயே வைத்துப் பாருங்கள்.

மரை போன ஓட்டைக்கு லேத் பட்டறை அண்ணன் ஒருவர் ஹெலிகாயில் செட்டோடு (ஓட்டையில் புது மரையாகப் பொருத்தும் கம்பிச் சுருள்) வீட்டுக்கே வந்தார். கிளட்ச் பக்கம் முழுக்கத் துணி சுற்றச் சொல்லி, டிரில் முனையில் கிரீஸ் தடவி, ஒரு தூள்கூட உள்ளே விழாமல் வேலை செய்தார். கேட்டது 300 ரூபாய்தான், நான் 400 கொடுத்தேன். "அலுமினியம்ப்பா, ஆறு எம்எம் போல்ட்டு, ரெண்டு விரலால பிடிச்சு இறுக்கினா போதும்" என்றார். பட்டறையில் இறுக்கியபோது யாராவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

மூடும்போது கவரைச் சரியான இடத்தில் உட்கார வைக்கும் இரண்டு டோவல் பின்னும் இடத்தில் இருக்கிறதா பாருங்கள். போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. அட்டையில் கவர் மாதிரி வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வைத்திருந்ததால் எனக்குக் குழப்பம் வரவில்லை. குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.

அன்று இரவு வண்டிக்கு அடியில் வெள்ளைச் சார்ட் பேப்பர் விரித்துவிட்டுப் படுத்தேன், தூக்கமே இல்லை. விடிந்ததும் நான் எழுவதற்குள் அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பேப்பர் அப்படியே இருக்குடா" என்றார். மூன்று வாரம் ஆகிறது, அந்தப் பேப்பர் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.