கொடைக்கு முன் ஒரு மைக்

2024 ஜூலை 7, ஞாயிறு

பாளையங்கோட்டையில் கல்யாண வரவேற்பு. மூன்றரை மணி நேரம் பாடினேன். வீட்டுக்கு வந்து வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தும் தொண்டை எரிச்சல் அடங்கவில்லை. பாடிப் பாடி வரும் எரிச்சல் எனக்குத் தெரியும். இது கத்தியதால் வந்தது.

மைக்செட்காரர் கொடுத்த மைக்கின் வலை ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சில் யார் யாருடைய எச்சில் காய்ந்திருக்கிறதோ என்று நினைத்தாலே வாயருகே கொண்டுபோக மனம் வரவில்லை. நான்கு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். தள்ளிப் பிடித்தால் குரல் எழும்பாது. ஏற்றச் சொன்னால் ஸ்பீக்கர் பாக்ஸ் ஊளையிடும். என் குரல் சன்னம். கீழ் ஸ்தாயிக்கு வந்தால் பாதி காற்றுதான். சரணத்தின் முதல் இரண்டு வரியும் ரிதம் பேடு சத்தத்துக்குள் போய்விட்டது. முன்வரிசையில் ஒரு பாட்டி காதருகே கையைக் குவித்து வைத்துக்கொண்டு கேட்க முயன்றார். அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இந்த இசைக்குழுவில் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. கீபோர்டு மாஸ்டர் தன் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார், கிட்டார் அண்ணன் தன் கிட்டாரை. நான் வெறுங்கையோடு போய், கொடுத்ததை வாங்கிப் பாடுகிறேன். ஆடி மாதக் கோயில் கொடைத் திருவிழாக்களுக்குள் சொந்தமாக ஒரு மைக் வாங்கிவிட வேண்டும்.

ஜூலை 10, புதன்

எங்கள் சவுண்ட் அண்ணனிடம் போனேன். ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் ஒருமுறை பாடியபோது என் குரல் அத்தனை தெளிவாக விழுந்தது. அதே மாதிரி மைக் வாங்கலாமா என்று கேட்டேன். "அது கண்டென்சர் தங்கச்சி. நீ மூச்சு விடுறதும் கேக்கும், பின்னாடி சிம்பல் அடிக்கிறதும் அதே அளவு கேக்கும்" என்றார்.

அப்புறம் பொறுமையாகச் சொன்னார். கண்டென்சர் வகை மைக்கில் இருப்பது மிக மெல்லிய சவ்வு. அது வேலை செய்ய சவுண்ட் மிக்சரிலிருந்து மின்சாரம் வர வேண்டும், பெரும்பாலும் 48 வோல்ட். டைனமிக் என்ற இன்னொரு வகையில் சவ்வோடு ஒரு கம்பிச்சுருள் ஒட்டியிருக்கும். அது காந்தத்துக்குள் அசைந்து தானே மின்சாரத்தை உண்டாக்கும். வெளி மின்சாரம் வேண்டாம், கீழே விழுந்தாலும் தாங்கும். மேடைக்கென்றே செய்த நல்ல கண்டென்சர்களும் இருக்கின்றன, நாய்மன் கேஎம்எஸ் 105 மாதிரி. சத்தம் அடங்கிய மேடையில் அவை அருமையாக உழைக்கும். டிரம்ஸும் பேடும் ஜெனரேட்டரும் இரைகிற கோயில் திடலுக்கு டைனமிக்தான் என்று முடித்துவிட்டார்.

கிளம்பும்போது அவர் சொன்ன கணக்கு ஒன்று மனதில் தைத்தது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு விரலில் பிடிக்க வேண்டியதை நான்கு விரலில் பிடித்திருக்கிறேன். இரண்டு முறை இரட்டிப்பு, 12 டெசிபல். அதைத் தொண்டையால் ஈடுகட்டப் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

எங்கள் குழுவில் பாடும் தம்பி பெருமையோடு ஒரு மைக் கொண்டுவந்தான். ஷூர் எஸ்எம்58 என்று எழுதியிருந்தது. விலை இரண்டாயிரத்து ஐந்நூறு. அசல் பத்தாயிரத்தைத் தாண்டும். வெளியூரில் ஒரு கடையில் "ஸ்டாக் தீர்க்கிறோம்" என்று சொல்லிக் கொடுத்தார்களாம்.

சவுண்ட் அண்ணன் கையில் வாங்கியதுமே முகம் மாறினார். தன் எஸ்எம்58-ஐ எடுத்து அவன் இன்னொரு கையில் வைத்தார். தம்பிக்கே வித்தியாசம் தெரிந்துவிட்டது. எதிரே இருந்த பலசரக்குக் கடைத் தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்தோம். அசல் 58-இன் எடை 298 கிராம். அண்ணனுடையது அதை ஒட்டியே காட்டியது. தம்பியுடையது அறுபது கிராமுக்கு மேல் குறைவு. பாடிப் பார்த்தால் தகரக் குழாய்க்குள் பேசுவது போல இருந்தது. பாவம், கடைசிவரை அவன் வாய் திறக்கவில்லை. இரண்டு கல்யாணத்தில் பாடிச் சேர்த்த காசு.

அண்ணன் அவனைத் தேற்றுவதற்காக 58-இன் கதையைச் சொன்னார். 1966-இல் வந்தது. எஸ்எம் என்றால் ஸ்டுடியோ மைக்ரோபோன். மேடையை நினைத்து வைத்த பெயரே கிடையாது. மேடைக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய், உலகமெங்கும் மேடை மைக் என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது. அது பழக்கமில்லாத சவுண்ட்காரர் இருக்க மாட்டார். எந்த ஊருக்குப் போனாலும் அதற்கு எங்கே ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று அவர் கைக்குத் தெரியும். இது பெரிய விஷயம் என்று எனக்கும் படுகிறது.

ஜூலை 21, ஞாயிறு

இன்று பரீட்சை. அண்ணனின் 58, சீனியர் பாடகர் அண்ணாச்சியின் ஷூர் பீட்டா 58ஏ, தூத்துக்குடியில் தேவாலயப் பாடகர் குழுவில் இருக்கும் தோழி இரண்டு நாளைக்குக் கொடுத்த சென்ஹைசர் இ835. மூன்றையும் ஒரே மிக்சரில், பேஸ், ட்ரெபிள் திருகும் ஈக்யூவில் எதையும் தொடாமல், எக்கோ இல்லாமல் போட்டோம். டிரம்ஸும் பேடும் கீபோர்டும் கச்சேரியில் வாசிக்கிற சத்தத்திலேயே வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். வீட்டில் தனியாகப் பாடிப் பார்த்தால் எல்லா மைக்கும் இனிக்கத்தான் செய்யும்.

ஒரே பல்லவியை மூன்று விதமாகப் பாடினேன். உதடு தொடும் அளவில் ஒருமுறை, நான்கு விரல் தள்ளி ஒருமுறை, கூட்டத்தைப் பார்த்துத் தலையை இருபக்கமும் திருப்பிக்கொண்டே ஒருமுறை. கீபோர்டு மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

58: தம்பி பாடியபோது அவன் குரல் வாத்தியங்களைத் தாண்டிப் பளிச்சென்று முன்னால் வந்தது. 4,000, 5,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அதற்கு ஒரு தூக்கல் உண்டு; எழுத்துகள் தெளிவாக விழுவது அதனால்தான். எனக்கு அதே தூக்கல் 'ச', 'ஷ' வரும் இடங்களில் கொஞ்சம் கூர்மையாகக் குத்தியது. கிட்டே போனால் பேஸ் ஏறி, கீழ் ஸ்தாயி கும்மென்று ஆனது. கிட்டே போகப் போக அடிக்குரல் தடிப்பது இந்த வகை மைக் எல்லாவற்றுக்கும் உள்ள குணம். ஆனால் மைக்குக்கு மைக் அளவு மாறும்.

பீட்டா: மூன்றிலும் இதுதான் சத்தமாக இருந்தது. மெதுவாகப் பாடியதுகூட எடுத்தது. ஆசை வந்துவிட்டது, உண்மையைச் சொன்னால். ஆனால் தலையைத் திருப்பியதும் குரல் சட்டென்று ஒதுங்கியது.

இ835: முதலில் கேட்டபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாவது தடவைதான் மாஸ்டர் கண்ணைத் திறந்து, "இதுல நீ தள்ளிப் போனாலும் நீயாவே இருக்க" என்றார். உச்சத்தில் நான் மைக்கை விலக்கிப் பிடிப்பேன், இறங்கும்போது நெருங்குவேன். இது சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். விலக்கினாலும் நெருக்கினாலும் குரலின் நிறம் அதிகம் மாறவில்லை.

ஜூலை 24, புதன்

பீட்டா மீதான ஆசை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. அண்ணன் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார்.

58-உம் இ835-உம் கார்டியாய்டு, அதாவது மைக் கேட்கும் பரப்பு இதய வடிவம். முன்னால் நன்றாகக் கேட்கும், நேர் பின்னால் காது அடைத்துவிடும். ஆகவே பாடகர் தன் குரலைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கரான மானிட்டரை மைக்கின் வாலுக்கு நேராக வைக்க வேண்டும். பீட்டா சூப்பர்கார்டியாய்டு. பக்கவாட்டில் இன்னும் இறுக்கமாக அடைத்திருக்கும், ஆனால் நேர் பின்னால் சின்னதாக ஒரு காது திறந்திருக்கும். அதன் செவிட்டு இடம் முன்பக்கத்திலிருந்து ஏறக்குறைய 126 பாகையில், இரு பக்கமும். அதற்கு இரண்டு மானிட்டர்கள், பின்னால் வலமும் இடமுமாக ஒதுக்கி வைத்தால் அருமை.

நாங்கள் போகும் ஊர்களில் மானிட்டர் இருந்தால் ஒன்று இருக்கும். அதை நட்ட நடுவில், காலுக்கு நேராக வைத்திருப்பார்கள். வில்லுப்பாட்டு முடிந்து நாங்கள் மேடையேறப் பத்து நிமிஷம் கிடைக்கும். இடம் மாற்ற நேரம் ஏது? எனக்குக் கார்டியாய்டுதான் என்று அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே தீர்மானித்தேன்.

இன்னொன்றும் புரிந்தது. மைக் என் முகத்தைப் பார்க்கிறது. என் முதுகுக்குப் பின்னால் டிரம்ஸ். அப்படியானால் எந்த மைக்காக இருந்தாலும் டிரம்ஸ் அதன் கண்ணெதிரேதான் இருக்கிறது! டிரம்ஸ் தம்பியிடம் கொஞ்சம் ஓரமாக உட்காரும்படி கேட்டேன், ஒத்துக்கொண்டான். அண்ணாச்சி உணர்ச்சி வந்தால் மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார். வலைக்குக் கீழே பின்பக்கம் காற்று போகும் வழி அடைபட்டால் மைக் எல்லாத் திசையையும் கேட்கத் தொடங்கி ஊளையிடும். அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அண்ணனையே சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 30, செவ்வாய்

வாங்கிவிட்டேன். இ835, சுவிட்ச் இல்லாதது. சுவிட்ச் உள்ளதும் கிடைக்கிறது. ஆனால் பாட்டுக்கு நடுவில் கட்டைவிரல் பட்டு அணைந்துபோவதை இரண்டு முறை பட்டிருக்கிறேன். பில்லோடு, முறையான விற்பனையாளரிடம். வந்ததும் அம்மாவின் சமையல் தராசில் வைத்தேன்: 330 கிராம், சொன்னபடியே. கூடவே இரண்டு முனையிலும் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முள் இணைப்பு உள்ள பத்து மீட்டர் கேபிள். அம்மா பூஜை அறையில் வைத்து மஞ்சள் குங்குமம் இட்டாள்.

ஆகஸ்ட் 7, புதன்

நேற்று இரவு நாங்குநேரிப் பக்கம் அம்மன் கோயில் கொடை. விடியற்காலை மூன்று மணிக்கு வீடு வந்தேன்.

உள்ளூர் மைக்செட்காரர் கொடுத்த கேபிளின் மறுமுனை கிட்டாருக்குப் போடும் ஒற்றை முள் ஜாக். செருகியதும் ஜெனரேட்டர் இரைச்சல் குரலோடு சேர்ந்து ஓடியது. என் கேபிளை நீட்டினேன். மிக்சரில் எக்ஸ்எல்ஆர் துளை இருந்தது. இரைச்சல் நின்றது. "அண்ணே, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ கட் பண்ணிடுங்க, எக்கோ பாதி போதும்" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே செய்தார். கோரஸ் மைக்குகளைத் தேவைப்படாத நேரம் மூடிவைக்கவும் சம்மதித்தார். திறந்திருக்கும் மைக் இரண்டு மடங்கானால், ஊளையிடாமல் ஏற்றக்கூடிய அளவில் 3 டெசிபல் போய்விடும்.

மூன்றாவது பாட்டு, அன்றைக்குக் காணாமல் போன அதே சரணம். ஒரு விரல் தூரத்தில், கிட்டத்தட்டப் பேசுகிற அளவில் பாடினேன். திடலின் கடைசியில் வளையல் கடை போட்டிருந்த அக்கா தலையாட்டிக்கொண்டே சரணத்தின் வரியை முணுமுணுப்பது மேடையிலிருந்தே தெரிந்தது. இருபத்திரண்டு பாட்டு. இன்று காலை தொண்டை வழக்கம் போல இருக்கிறது.

மத்தியானம் வலையைத் திருகிக் கழற்றி, உள் ஸ்பாஞ்சோடு சோப்புத் தண்ணீரில் அலசினேன். ஒலியைப் பிடிக்கும் கேப்சூலில் ஒரு சொட்டும் படவிடவில்லை. ஜன்னலோரம் காயவைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை களக்காட்டில் கச்சேரி; அதற்குள் நன்றாகக் காய்ந்துவிடும்.